ஒத்தைப்படை ஆகாது

ஜூன் 24, 2020, புதன்

இன்றிலிருந்து மறுபடியும் முழு ஊரடங்கு. மார்ச்சில் அடைத்தார்கள், ஏப்ரல் கடைசியில் நாலு நாள் கதவைச் சாத்தச் சொன்னார்கள், இப்போது மதுரைக்கென்று தனியாக ஒன்று. மாநகராட்சி முழுக்க, பரவை, அப்புறம் கிழக்கு, மேற்கு, திருப்பரங்குன்றம் ஒன்றியங்கள். 30ஆம் தேதி வரைக்கும்தானாம். எனக்கு நம்பிக்கை இல்லை.

நேற்று ராத்திரியே ஜெராக்ஸ் கடையைப் பூட்டிவிட்டேன். காலேஜ் இல்லாத நாளில் ஜெராக்ஸ் கடை எதற்கு என்று கேட்பீர்கள். இ-பாஸுக்கு விண்ணப்பம் போடவாவது நாலு பேர் வந்துகொண்டிருந்தார்கள். ஊருக்கெல்லாம் போட்டுக் கொடுத்த எனக்கு, சொந்தத் தங்கச்சிக்கு ஒரு பாஸ் வாங்க முடியவில்லை. மார்ச் 20ஆம் தேதி "நாலு நாள் இருந்துட்டுப் போறேண்ணே" என்று திருப்பூரிலிருந்து பையனோடு வந்தவள். மூன்று மாதம் ஆகிவிட்டது. ஆக, விளாங்குடியில் இந்த மாடி வீட்டில் எட்டுப் பேர், ஒரே பாத்ரூம்.

சாயங்காலம் மகள் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியில் போனைச் சாய்த்து வைத்து டிக்டாக்குக்கு ஆடிக்கொண்டிருந்தாள். பத்தாம் வகுப்புப் பரீட்சை ரத்தாகி ஆல் பாஸ் போட்டதிலிருந்து இதுதான் வேலை. கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு துணி எடுக்க வந்த அப்பா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். "கைதான் ஆடுது. காலு எங்க?" என்றார். "அப்ப நீங்க ஆடிக் காட்டுங்க தாத்தா" என்று அவள் சும்மாதான் சொன்னாள்.

அப்பா செருப்பைக் கழற்றினார். முன்னால் இரண்டு அடி, பின்னால் ஒன்று, இடுப்பு அசையாமல் ஓர் ஒதுங்கல், தோளில் கிடந்த துண்டு கைக்கு வந்து 'சளக்'கென்று சுண்டியது. அவ்வளவுதான், மறுபடி செருப்பைப் போட்டுக்கொண்டு துணியை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார்.

ஒயிலாட்டமாம். சோழவந்தான் பக்கத்தில் சொந்த ஊரில் செட்டு சேர்ந்து ஆடியிருக்கிறார், கண்டக்டர் வேலை கிடைத்ததும் விட்டாராம். எனக்கு வயது 41. இத்தனை வருடத்தில் ஒரு வார்த்தை சொன்னதில்லை மனுஷன்.

ஜூன் 25, வியாழன்

பிள்ளைகள் விடவில்லை, பாடம் ஆரம்பம். ஆறு மணிக்கு முன்னால் மாடித் தட்டோட்டில் கால் வைக்க முடியாது, அதனால் ஆறிலிருந்து ஏழு. அப்பா வாத்தியார். வரிசையில் நான், மனைவி, தங்கச்சி, மகள், மகன், மருமகப்பிள்ளை. அம்மாவுக்கு முழங்கால் வலி, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

"ஆறு பேரு. சரி. ஒத்தைப்படை ஆகாது" என்றார் அப்பா. ஒரு கட்டத்தில் இரண்டு வரிசையாகப் பிரிந்து எதிரெதிரே ஆட வேண்டுமாம், ஓர் ஆள் மிஞ்சினால் அவன் சுவரைப் பார்த்துத்தான் ஆடணும் என்றார்.

துணிக்கு மனைவி தன் பழைய சிவப்பு உள்பாவாடையை வெட்டினாள். அது என்ன துணி என்பதை அப்பாவிடம் யாரும் சொல்லவில்லை. முனையை விரலில் ஒரு சுற்றுச் சுற்றிப் பிடிக்க வேண்டும், வீசக் கூடாது, சுண்ட வேண்டும். கேட்க ஒன்றும் இல்லாத மாதிரி இருக்கிறது, செய்து பாருங்கள். அரை மணி நேரம் ஆறு பேரும் ஈ ஓட்டினோம்.

ஜூன் 27, சனி

அப்பாவால் தனியாக ஓர் அடியைச் சொல்லித்தர முடியவில்லை. அவருக்குத் தெரிவதென்னவோ உண்மைதான், கேட்டால்தான் வராது. "மூணாவது அடி மட்டும் இன்னொரு தடவை காட்டுங்கப்பா" என்றால் நின்று யோசிக்கிறார், வலது காலைத் தூக்குகிறார், இறக்குகிறார். அப்புறம் கோபம் வந்து, பிள்ளையார் வணக்கத்திலிருந்து பாட ஆரம்பித்து, முதல் அடி, இரண்டாவது அடி என்று வந்து, மூன்றாவதைக் கடக்கும்போது "இந்தா, இதுதான், பார்த்தியா" என்கிறார். அதற்குள் அது போய்விடுகிறது. பாட்டோடு சேர்ந்துதான் காலுக்கு ஞாபகம் வருகிறது போல. நடுவில் நிறுத்தினால் மறுபடியும் பிள்ளையார்.

இன்று மட்டும் பிள்ளையாரை ஒன்பது முறை கும்பிட்டோம்.

இதில் விசில் வேறு. அவர்கள் செட்டில் அடி மாற்றும்போது வாத்தியார் குரல் கொடுப்பாராம். அப்பாவுக்கு இருமல், குரல் எழும்பவில்லை, அதனால் பீரோவிலிருந்து கண்டக்டர் விசிலை எடுத்து வந்துவிட்டார். ஒரு விசில் என்றால் அடி மாற்று. ஆனால் 32 வருடப் பழக்கம் விடுமா? வரிசை நன்றாக நகர ஆரம்பித்ததும் அவரையறியாமல் இரட்டை விசில் கொடுக்கிறார், கூடவே "ரைட், ரைட்". நாங்கள் இரண்டு அடி மாறிவிடுகிறோம். தங்கச்சிக்குச் சிரிப்பு அடங்காமல் தொட்டிமேல் போய் உட்கார்ந்துவிட்டாள். "மதினி, படிக்கட்டுல நிக்காதீங்க, உள்ள வாங்கன்னு சொல்லுவாரு பாருங்க" என்று என் மனைவியிடம் சொன்னது அப்பா காதில் விழுந்துவிட்டது.

ஜூன் 28, ஞாயிறு

பரணில் ஒரு மஞ்சப்பையில் சலங்கை இருந்தது. அம்மாதான் இடத்தைச் சொன்னாள், அப்பாவுக்கே எங்கே என்று நினைவில்லை. தோல்பட்டை காய்ந்து அப்பளமாக நொறுங்குகிற நிலை, மணியெல்லாம் பச்சை பிடித்திருந்தது. மத்தியானம் முழுக்க வராண்டாவில் உட்கார்ந்து புளி போட்டுத் தேய்த்தார். ஒவ்வொரு மணியாகக் கட்டைவிரலால் துடைத்து, காதருகே வைத்து ஆட்டிப் பார்ப்பார். உள்ளே குண்டு போன மணி நாலைந்து இருந்தது, அவற்றைத் தொட்டதுமே கண்டுபிடித்துத் தள்ளிவைத்தார். தோலுக்குத் தேங்காய் எண்ணெய்.

இருப்பது ஒரு ஜோடிதான். தப்பு விட்டவர் கழற்றிக் கொடுக்க வேண்டும் என்று சட்டம் போட்டதில், என் காலில் மொத்தம் இரண்டு நிமிடம் இருந்தது.

அம்மா மட்டும் சத்தம் கேட்டு வெளியே வந்து, "இந்த வருசம் அழகர் ஆத்துல எறங்கல, மீனாட்சி கல்யாணத்தையும் போன்லதான் பார்த்தோம், இதாவது கேக்கட்டும்" என்றாள்.

ஜூன் 30, செவ்வாய்

முடியவில்லை, ஜூலை 5 வரைக்கும் நீட்டிவிட்டார்கள். நேற்று ராத்திரி டிக்டாக்கையும் தடை செய்துவிட்டார்கள். மகள் காலையில் சாப்பிடவில்லை, சாயங்காலம் சலங்கையை இரண்டு பிள்ளைகளிடமிருந்தும் பிடுங்கிக்கொண்டு அவளே கட்டிக்கொண்டாள். நாங்கள் யாரும் எதுவும் பேசவில்லை. தப்பும் விடவில்லை அவள்.

கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து, மாஸ்க்கை இறக்காமலேயே, "சார், ஃபேன் ஆடுது" என்றார். நியாயம்தான். அவர் மீட்டிங் முடிகிற நேரம் பார்த்து ஆறரைக்கு மாற்றிக்கொண்டோம்.

ஜூலை 2, வியாழன்

இன்று நடந்ததை விரிவாக எழுத வேண்டும்.

நாலாவது அடியில் நாலு நாளாகச் சிக்கல். முன்னால் போய், ஒரு திருப்பம் திரும்பி, துணியைச் சுண்டிக்கொண்டு பழைய இடத்துக்கு வர வேண்டும். அப்பா திரும்பினால் துணி இடதுபக்கம் வருகிறது, அடுத்த அடிக்கு அது வலதுபக்கம் இருக்க வேண்டும். பாட்டோடு ஆடிப் பார்த்தார், பிள்ளையாரிலிருந்து ஆடிப் பார்த்தார், வரவில்லை. "அப்ப எல்லாம் சரியா வந்துச்சு" என்று சொல்லிவிட்டுக் கீழே போய் செய்தியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

நான் தண்ணீர் குடிக்க அடுப்படிக்குப் போனேன். அம்மா முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள், வாயில் அந்தப் பாட்டு, வள்ளி தினைப்புனம் காக்கிற இடம். பாடிக்கொண்டே ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் அரிசிமேல் நிறுத்தினாள். இரண்டு விரலும் நடந்தன. முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று. அப்புறம் வலது விரல் அப்படியே ஊன்றி நிற்க, இடது விரல் வெளிப்பக்கமாகச் சுற்றி வந்தது. அரிசியில் அரைவட்டமாக ஒரு தடம். "உங்கப்பன் உள்பக்கமாத் திரும்புறாரு. அதான் துணி மாறுது" என்றாள், முறத்தை ஒரு தட்டுத் தட்டித் தடத்தை அழித்துவிட்டு மறுபடி கல்லைத் தேட ஆரம்பித்தாள்.

எப்படிம்மா தெரியும் என்றேன். இருவரும் ஒரே ஊர், அம்மா அத்தை மகள். ஒயிலாட்டம் அப்போது ஆம்பளைகள் ஆட்டம். இப்போது பள்ளிக்கூட ஆண்டு விழாவில் பொம்பளைப் பிள்ளைகளெல்லாம் சலங்கை கட்டி ஆடுகிறார்கள், அன்றைக்கு மந்தைக்குப் பக்கத்தில் நின்று பார்க்கலாம், அவ்வளவுதான். பங்குனிப் பொங்கலுக்கு முந்தி ஒரு மாதம் ராத்திரியெல்லாம் ஒத்திகை, இவள் திண்ணையில் உட்கார்ந்து தினமும் பார்த்திருக்கிறாள். "பார்க்குறவளுக்குத்தான்டா முழுசாத் தெரியும். ஆடுறவனுக்கு அவன் காலு மட்டும்தான்."

பாட்டும் முழுசாகத் தெரியும், அப்பா விட்ட அடிகளெல்லாம் அவளிடம் இருக்கின்றன. மார்ச் 29ஆம் தேதி நாட்டுப்புறப் பாடகி பரவை முனியம்மா இறந்துபோன செய்தி வந்தபோது அன்றைக்குப் பூரா அம்மா அடுப்படியில் பாடிக்கொண்டே இருந்தது இப்போதுதான் எனக்கு உறைக்கிறது. அப்போது நான் கொஞ்சம் வால்யூமைக் குறைக்கச் சொன்னேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

அப்பாவிடம் போய்ச் சொன்னேன். டிவியைப் பார்த்தபடியே, "அவ சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்றார்.

ஜூலை 5, ஞாயிறு

தெருக்கோடியில் தகரம் அடித்துவிட்டார்கள். நாலு வீடு தள்ளி ஒருவருக்கு பாசிட்டிவ். மாநகராட்சி ஆட்கள் பிளீச்சிங் பவுடர் போட்டுவிட்டு, வீடு வீடாகக் கபசுரக் குடிநீர் கொடுத்தார்கள். ஊரடங்கை 12 வரைக்கும் நீட்டியாயிற்று. ஆட்டம் இல்லை. பக்கத்தில் ஒருத்தர் ஆஸ்பத்திரியில் இருக்கும்போது சலங்கைச் சத்தம் நன்றாக இருக்காது என்று அம்மா சொன்னாள்.

ஜூலை 8, புதன்

அவர் நன்றாக இருக்கிறாராம், போனில் பேசினாராம். "ஏன் மாடியில சத்தத்தையே காணோம்" என்று அவர் மனைவி என் மனைவியிடம் கேட்டிருக்கிறார். இன்று மறுபடி ஏறினோம்.

அப்பா ஊரில் தவில் வாசிப்பவர் ஒருவருக்குப் போன் போட்டார். நலம் விசாரிக்கத்தான் போட்டார், பேச்சு நீண்டுவிட்டது. பங்குனியில் தொடங்கி ஆடி வரைக்கும்தான் அவர்களுக்கு வருமானம், கோவிலெல்லாம் பூட்டிக் கிடப்பதில் இந்த வருடம் ஒரு தாம்பூலம்கூட வரவில்லை. நூறு நாள் வேலைக்குப் போகிறாராம். "தோள்ல மாட்டி நாலு மாசமாச்சுண்ணே, வார் இறுகிப்போச்சு" என்றார். ராத்திரி எட்டு மணிக்கு அவர் மகன் போனிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு வாய்ஸ் வந்தது. ஆறு நிமிடம் தவில். மெதுவாகத் தொடங்கி, கடைசி ஒரு நிமிடம் யாரோ துரத்துகிற வேகம். அப்பா அந்த நம்பருக்கே 2,000 ரூபாய் போடச் சொன்னார். போட்டேன். "சும்மாக் குடுத்தா வாங்க மாட்டான், வாசிச்சதுக்குன்னு எழுது" என்றார். எழுதினேன்.

ஜூலை 12, ஞாயிறு

ப்ளூடூத் ஸ்பீக்கரில் அந்தத் தவிலோடு முழுசாக ஆடினோம். ஐந்து அடியும். அம்மா பாடினாள், நாற்காலியில் உட்கார்ந்தபடியே. வேகம் கூடும்போது எனக்கு மூச்சு நின்றுவிடும்போல இருந்தது, மருமகப்பிள்ளை துணியை விட்டுவிட்டான். ஆடி பிறக்க நாலு நாள் இருக்கும்போதே காற்று ஆரம்பித்துவிட்டது, சிவப்புத் துணி பறந்து போய்க் கீழ்வீட்டு டிஷ்ஷில் மாட்டிக்கொண்டது. அது உள்பாவாடை என்கிற உண்மை, நாடா கோத்திருந்த மடிப்போடு தொங்கியதில், அப்பாவுக்கு இன்றைக்குத் தெரிந்துவிட்டது.

ஜூலை 15, புதன்

12க்கு மேல் இன்னும் இரண்டு நாள் நீட்டியதும் நேற்றோடு முடிந்தது, இன்று கடை திறந்தேன். 22 நாளில் மெஷின் மேல் அவ்வளவு தூசி. முதல் வேலையாகத் தங்கச்சிக்கு இ-பாஸ் போட்டேன், சாயங்காலமே வந்துவிட்டது.

ஜூலை 17, வெள்ளி

காலையில் கார் வந்தது. பையன் சலங்கையைக் கேட்டு அழுதான், அப்பா அந்தக் குண்டு போன மணிகளில் இரண்டைக் கயிற்றில் கோத்துக் கொடுத்தார். சத்தம் வராது என்று அவன் திருப்பூர் போய்த்தான் கண்டுபிடித்திருக்கிறான், போனில் ஒரே திட்டு.

சாயங்காலம் மாடிக்குப் போனோம். நாலு பேர். அப்பா கொஞ்ச நேரம் எண்ணிப் பார்த்துவிட்டு, "நாலு பேருக்கு வரிசை நிக்காது, நானும் நிக்கிறேன்" என்றார். உடனே அவரே, "அஞ்சாயிருச்சு. ஆகாது" என்றார். மகன், கீழ்வீட்டு அங்கிளைக் கூப்பிடலாமா என்று கேட்டான்.

அம்மா பூண்டுத் தட்டைக் கீழே வைத்தாள். முழங்கால் பெல்ட்டை இழுத்து மாட்டி, முந்தானையைச் சொருகிக்கொண்டு, நாற்காலிக் கையைப் பிடித்து எழுந்தாள். "மருமகளே, அந்தத் துணியில மிச்சம் இருக்கா?"

இருந்தது. அதை விரலில் சுற்றிக்கொண்டே அப்பாவுக்கு எதிரே வந்து நின்றாள்.

"விசில் ஊதுனா நான் கீழ போயிருவேன்" என்றாள்.