பழைய மெர்சிடிஸ் எஸ்எல் கார் வாங்க நினைப்பவர்களுக்கு

ஜெர்மனியில் வெயில் எட்டிப் பார்க்க ஆரம்பித்துவிட்டது. நேற்று தம்பி ஒரு பக்கம் பிடிக்க, குளிர்காலம் முழுக்க மாட்டியிருந்த அலுமினியக் கூரையைக் கழற்றி வைத்தோம். இனி துணிக்கூரைதான்.

என் வண்டி மெர்சிடிஸ் எஸ்எல், ஆர்129 தலைமுறை. 1989-இல் ஜெனீவா கண்காட்சியில் அறிமுகமாகி, 2001 வரை பிரேமன் ஆலையில் உருவான வண்டி. கவிழப் போகிறது என்று தெரிந்தால் 0.3 விநாடியில் பின்னாலிருந்து பாதுகாப்பு வளைவு தானாக எழும்பும். அந்தக் காலத்திலேயே இப்படி யோசித்தவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

வாங்க நினைக்கும் நண்பர்கள் முதலில் என்ஜினைப் பற்றித்தான் கேட்கிறார்கள். நான் துணிக்கூரையைப் பாருங்கள் என்பேன். பொத்தானை அழுத்தினால் சுமார் அரை நிமிடத்தில் அது மடிந்து இருக்கைகளுக்குப் பின்னால் போய்விடும். அந்த வேலையைச் செய்பவை எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் சிலிண்டர்கள். வயதானால் உள்ளே எண்ணெயைத் தடுத்து வைக்கும் சீல்கள் கெட்டு எண்ணெய் கசியும். முன்கண்ணாடிக்கு மேலே இருக்கும் சிலிண்டர் கசிந்தால் நேராக சன்வைசர் பக்கம் சொட்டும், அதனால் அங்கே கறை இருக்கிறதா என்று கட்டாயம் தடவிப் பாருங்கள். சிலிண்டரையே புதிதாக வாங்க வேண்டியதில்லை. சீலை மட்டும் மாற்றித் தரும் பட்டறைகள் இருக்கின்றன.

அப்புறம், துணிக்கூரையின் பின் ஜன்னல் பிளாஸ்டிக். கடுங்குளிரில் மடக்கினால் வெடித்துவிடும். 1993 முதல் 1995 வரையிலான வண்டி என்றால் என்ஜின் ஒயரிங்கை மாற்றியாயிற்றா என்று கேளுங்கள், சூட்டில் அதன் மேலுறை உதிரும்.

30 வயது தாண்டிய வண்டி நல்ல நிலையில் இருந்தால் இங்கே பழம்பெரும் வண்டிகளுக்கான எச் எண்பலகை கிடைக்கும். அடுத்து என் வண்டிக்கு அதைத்தான் வாங்கப் போகிறேன்.