குருகும் உண்டு

நவம்பர் 6, 2024

மாலையிலிருந்து மழை, ஆறு மணிக்கே கரண்ட் போய்விட்டது. எமர்ஜென்சி விளக்கில் குறுந்தொகையைப் புரட்டிக்கொண்டிருந்தேன். நாற்பதாம் பாட்டைத் தாண்டிப் போய்விட வேண்டும் என்றுதான் எடுத்தேன், செம்புலப் பெயல்நீரை எல்லோரும் கல்யாணப் பத்திரிகையில் போட்டுப் போட்டு எனக்கு அது காதில் விழுவதே இல்லை இப்போதெல்லாம். ஆனால் நாற்பது வரைக்கும்கூடப் போகவில்லை. இருபத்தைந்திலேயே நின்றுவிட்டேன்.

யாரும் இல்லைத் தானே கள்வன்
தானது பொய்ப்பின் யான்எவன் செய்கோ
தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால
ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்
குருகும் உண்டுதான் மணந்த ஞான்றே

கபிலர் பாட்டு. கல்யாணத்தைத் தள்ளிப் போட்டுக்கொண்டே போகிறான் அவன், அவள் தோழியிடம் சொல்கிறாள்: அங்கே வேறு யாரும் இல்லை, அந்தத் திருடன் மட்டும்தான், அவனே இல்லை என்று சொல்லிவிட்டால் நான் என்ன செய்வேன், ஓடுகிற தண்ணீரில் ஆரல் மீனுக்குக் காத்திருந்த ஒரு குருகும், கொக்குதான், இருந்தது, தினைத்தாள் மாதிரி சின்னப் பச்சைக் கால் அதற்கு. அவ்வளவுதான் பாட்டு. ஐந்தே அடி.

'கள்வன்' என்கிற சொல்லில் கோபமா செல்லமா என்று இன்னமும் எனக்குத் தெளியவில்லை. இரண்டும்தான் போல. (சங்கத் தமிழில் கள்வன் என்றால் நண்டு என்றும் பொருள் உண்டு, ஐங்குறுநூற்றில் 'கள்வன் பத்து' முழுக்க நண்டுதான். இங்கே அதற்கு இடமில்லை, சும்மா ஞாபகம் வந்தது.)

நவம்பர் 7

காலையில் பல் தேய்க்கும்போது ஒன்று பிடிபட்டது. பாட்டு 'யாரும்' என்று தொடங்குகிறது, 'குருகும்' என்று முடிவுக்கு வருகிறது. இரண்டிலும் அதே 'உம்'. முதல் உம் உலகத்தில் உள்ள எல்லோரையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்துகிறது, கடைசி உம் அந்தக் கதவைக் கொஞ்சமாகத் திறந்து ஒரு பறவையை மட்டும் உள்ளே விடுகிறது. 'யாரும் இல்லை' என்று முடித்துவிட்டவளுக்கு நான்கு அடி கழித்து, ஐயோ அது இருந்ததே என்று நினைவு வருகிறது. யோசித்து அடுக்கிய பேச்சு இப்படி இருக்காது, பேசிக்கொண்டிருக்கும்போதே நினைவு வருகிறவர்களின் பேச்சு இப்படித்தான் இருக்கும்.

உரைகளில் வழக்கமாகச் சொல்வது, குருகின் கவனம் மீன் மேல், அதனால் அது எதையும் பார்த்திருக்காது, பார்த்திருந்தாலும் சாட்சி சொல்லாது, ஆகவே அவள் கதியற்றவள் என்று. சரிதான். ஆனால் கதியற்றவள் என்பதைச் சொல்ல 'யாரும் இல்லை' என்ற இரண்டு சொல்லே போதுமே, எதற்கு அந்தக் காலின் நிறம்?

நவம்பர் 8

அம்மாவிடம் பாட்டைச் சொன்னேன். வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள். "கொக்குக்கு வாயிருந்து என்னப்பா பிரயோஜனம், மீனைத்தானே கவ்வும்" என்றாள். அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, நான் எழுந்து போகப் போகும்போது, "ஆனா அதாவது இருந்துச்சே" என்றாள்.

நவம்பர் 10

கால் விவகாரம். ஒரு மாதத்துக்கு முன் லவ் பேர்ட்ஸ் தீனிக்கு வாங்கிய தினையில் ஒரு பிடியைத் தொட்டியில் தூவியிருந்தேன், அது இப்போது ஒரு முழம் வளர்ந்து நிற்கிறது. அடித்தண்டு ஒல்லி, கணுக்கணுவாக, மேலே பச்சை, வேர்ப் பக்கம் போகப் போக வெளிறி மஞ்சள். வாய்க்கால் மதகில் தினம் நிற்கிற மடையான் கொக்கின் காலும் ஏறக்குறைய அதே நிறம்தான், பச்சை என்றும் சொல்ல முடியாது மஞ்சள் என்றும் சொல்ல முடியாது. ஏ. கே. ராமானுஜன் 1967-இல் வந்த ஆங்கில மொழிபெயர்ப்பில் மஞ்சள் என்றே போட்டார். தப்பில்லை, பசும்பொன் என்கிறோமே, அந்தப் பசுமைக்குள் மஞ்சளும் அடக்கம். தமிழில் ஒரே சொல்லில் ஒளிந்திருக்கிற இரண்டு நிறத்தில் ஒன்றை மொழிபெயர்ப்பவர் தேர்ந்தெடுத்தே ஆகவேண்டும், பாவம். ஆரலை மட்டும் லாம்ப்ரே ஆக்கியதில் எனக்கு வருத்தம் உண்டு, அது நம் பக்கத்து மீனே இல்லை. ஆரல் சேற்றுக்குள் புதைந்து கிடக்கும், கூர்மூக்கு, முதுகில் முள், கையில் பிடித்தால் வழுக்கிக்கொண்டு போகும், எங்கள் சந்தையில் 'ஆரா' என்று கேட்டால் கிடைக்கும். அதைப் பிடிக்க வேண்டுமென்றால் பறவை உண்மையிலேயே அசையாமல் உற்றுப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று. தாள் என்றால் தண்டு, தாள் என்றால் பாதமும்தான். காலுக்கு உவமையாக வந்த செடிப் பாகத்தின் பெயரிலேயே ஒரு கால் இருக்கிறது. கபிலர் வேண்டுமென்றே செய்தாரா தெரியாது, ஆனால் குறிஞ்சிப்பாட்டில் 99 பூவை வரிசையாக அடுக்கிய ஆள், இங்கே ஒரு பூகூட வைக்கவில்லை. காதல் பாட்டில் அவருக்கு வேண்டியிருந்தது ஒரு புல்தண்டு. தினைப்புனத்தில் கிளி ஓட்டிக் காவல் காக்கிறவள் ஒல்லியான எதைப் பார்த்தாலும் தினைத்தாள் என்றுதான் நினைப்பாள். உவமையைப் புலவர் சொல்லவில்லை, அவள் சொல்கிறாள்.

நவம்பர் 13

'பொய்ப்பின்' என்ற சொல்லை இத்தனை நாள் லேசாகக் கடந்து போயிருக்கிறேன். அகநானூறு 256-ஐ இன்று எடுத்துப் பார்த்தேன். கள்ளூரில் ஒருவன் ஒரு பெண்ணின் அழகை நுகர்ந்துவிட்டு, 'அறியேன்' என்று சத்தியம் வேறு செய்கிறான். அவையத்தார் அறிகரியை, அதாவது அறிந்த சாட்சியை, விசாரித்து உண்மையைக் கண்டுபிடிக்கிறார்கள். பிறகு அவனை மரக்கிளையில் கட்டித் தலையில் சாம்பலைக் கொட்டுகிறார்கள், அவையில் ஆரவாரம் எழுகிறது. கள்ளூர்ப் பெண்ணுக்குச் சாட்சி இருந்தது. நம் ஆளுக்குக் குருகு.

தொல்காப்பியக் கற்பியலில் வருவதும் இதுதான்: 'பொய்யும் வழுவும் தோன்றிய பின்னர் ஐயர் யாத்தனர் கரணம் என்ப.' பொய் வந்த பிறகுதான் பெரியோர் (ஐயர் என்பது இங்கே அவர்கள்தான்) சடங்கை வகுத்தார்களாம். அதை வைத்துக்கொண்டு கடைசி அடியைப் படித்தால் 'மணந்த' என்ற சொல் கனக்கிறது. மணத்தல் என்றால் கூடுதல், திருமணம் செய்தலும்கூட. அன்றைக்கு நடந்ததற்கு அவள் வைக்கிற பெயர் அது. அவனும் அதே பெயரை வைப்பானா என்பதுதான் அவளுடைய பயம்.

நண்பன் ஒருவன் போனில், கொக்குதான் தலைவன், ஆரல்தான் தலைவி, உள்ளுறை (இயற்கைக் காட்சிக்குள் ஒளித்து வைத்த உவமை), முடிந்தது கதை என்றான். அப்படியும் படிக்கலாம், பொருந்தத்தான் செய்கிறது. ஆனால் அப்படிப் படித்து முடித்தவுடன் பறவை செத்துப் போகிறது, அதனால் எனக்கு ஒப்பவில்லை. முதலில் அது அங்கே நின்ற ஒரு பறவை.

நவம்பர் 16

மழை விட்டிருந்தது, மதகுக்குப் போனேன். கலங்கல் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. மடையான் இருந்தது, கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு, சேற்று நிறத்தில், முதலில் கண்ணுக்கே தெரியவில்லை. கரையில் நின்று பார்த்தால் முதுகுதான் தெரிகிறது. கால் தெரிய வேண்டுமென்றால் குந்த வேண்டியிருந்தது, குந்தியும் போதாமல் தலையைச் சாய்த்தேன். அப்போதுதான் உறைத்தது, அவள் கண் அன்றைக்கு எவ்வளவு தாழ்வாக இருந்திருக்க வேண்டும் என்று. படுத்திருந்தாளோ, வெட்கத்தில் தலை குனிந்திருந்தாளோ, அவன் முகத்தைப் பார்க்காமல் எங்கோ பார்த்தபோது கண்ணில் பட்டது அந்தக் கால்தான். அவன் முகம் எப்படி இருந்தது என்று பாட்டில் ஒரு சொல் இல்லை.

பத்து நிமிஷம் இருந்திருப்பேன். பறவை அசையவில்லை, மீனும் வரவில்லை. பின்னால் ஒரு டிவிஎஸ் ஃபிப்டி ஹாரன் அடித்தது, சட்டென்று எழும்பிப் பறந்தது. நிற்கும்போது அத்தனை அழுக்காகத் தெரிந்தது, சிறகை விரித்ததும் முழுக்க வெள்ளை.