மீதி மாத்திரைகள்

எனக்குச் சர்க்கரை வந்து 11 வருஷம் ஆகிறது. சேலையூரில் வீட்டை ஒட்டி ஒரு சின்னத் தையல் கடை வைத்திருக்கிறேன். நாள் முழுக்க மெஷின் முன்னால் உட்கார்ந்தே இருக்கிற வேலை. ஒரு தடவை வழக்கமான பரிசோதனையில் ஹெச்பிஏ1சி, அதாவது மூன்று மாதச் சர்க்கரைக் கணக்கு, 8.6 என்று வந்தது. சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதமும் போக ஆரம்பித்திருந்தது. ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர், "சர்க்கரையால கிட்னி கெடுறதைத் தள்ளிப்போட முடியுமான்னு ஒரு புது மாத்திரையை வெச்சு ஆராய்ச்சி நடக்குதும்மா. 52 வாரம். விருப்பம் இருந்தா சேரலாம், வேண்டாம்னாலும் உங்க வைத்தியம் இப்படியே நடக்கும்" என்றார்.

அந்த 52 வாரமும் முடிந்துவிட்டது. தெரிந்தவர்கள் கேட்பதெல்லாம் எத்தனை ஊசி, பணம் தருவார்களா, ஆபத்து உண்டா என்பதுதான். அதையும் சொல்கிறேன். ஆனால் எனக்கு உண்மையில் கஷ்டமாக இருந்தது, ஒவ்வொரு தடவையும் பாட்டிலில் மீதி இருந்த மாத்திரைகளைக் கொண்டுபோய்க் கொடுத்ததுதான்.

முதலில் ஒப்புதல் படிவம். தமிழில் 24 பக்கம். அங்கேயே கையெழுத்து வாங்கிவிடுவார்கள் என்று நினைத்தேன். ஆய்வு வேலைகளைக் கவனிக்கும் கோஆர்டினேட்டர் பெண் (என் மகளைவிட இரண்டு மூன்று வயது சின்னவள்) படிவத்தை ஒரு கவரில் போட்டு, "வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்கம்மா, எல்லாரும் படிங்க, சந்தேகத்தை எழுதிட்டு வாங்க" என்றாள். நான்கு நாள் வைத்திருந்தோம்.

படிவத்தின் தமிழ் எனக்குப் பெரிய மனக்குறை. மூன்றாம் பக்கத்தில் "நீங்கள் சமவாய்ப்பு முறையில் ஒரு குழுவுக்கு ஒதுக்கப்படுவீர்கள்" என்று இருந்தது. ஒதுக்கப்படுவீர்கள் என்றால் எனக்கு என்ன தோன்றும்? நம்மைத் தள்ளி வைத்துவிடுவார்கள் போல என்று இரண்டு நாள் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். அப்புறம் அந்தப் பெண்ணிடம் கேட்டபோது, "கோயில்ல திருவுளச்சீட்டு போட்டு எடுப்பாங்களே, அது மாதிரிம்மா. பாதிப் பேருக்குப் புது மாத்திரை, பாதிப் பேருக்கு அதே மாதிரி இருக்கிற, மருந்தில்லாத மாத்திரை. யாருக்கு எதுன்னு கம்ப்யூட்டர் எடுக்கும். உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது" என்றாள். அந்தத் திருவுளச்சீட்டு என்ற சொல்லையே படிவத்தில் போட்டிருக்கலாம். படித்துப் புரிந்துகொண்டு சம்மதிக்க வேண்டிய காகிதம், படிப்பவருக்குப் புரிய வேண்டாமா?

மருந்தில்லாத மாத்திரை கிடைத்தால் ஒரு வருஷம் வைத்தியமே இல்லாமல் போய்விடுமே என்று மகள் பயந்தாள். அப்படி இல்லை. நான் ஏற்கெனவே சர்க்கரைக்குச் சாப்பிடும் மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு, பிரஷருக்கும் கிட்னிக்குமான டெல்மிசார்டன் எல்லாம் இரண்டு குழுவுக்குமே தொடரும். ஆய்வு மாத்திரை அதற்கு மேல் ஒன்று, அவ்வளவுதான். கைப்பைக்குள் வைத்துக்கொள்ள ஓர் அட்டையும் தந்தார்கள். உயிருக்கு ஆபத்தான நேரத்தில் எந்த மருத்துவமனையிலிருந்து கூப்பிட்டாலும், எனக்குக் கொடுத்தது எது என்று பிரித்துச் சொல்லிவிடுவார்களாம்.

வீட்டுக்காரர் நின்றது கடைசிப் பக்கத்தில். பேர், வயசு, படிப்பு, தொழில், ஆண்டு வருமானம், அப்புறம் நாமினி. "செத்தா யாருக்குப் பணம்னு கேக்குறாங்களே, இதுல எதுக்கு நீ போகணும்?" என்று இரவு முழுக்க அதே பேச்சு. மறுநாள் அவரையும் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் பொறுமையாகச் சொன்னார். அந்தப் பகுதி, 2019இல் வந்த புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகளின்படி எல்லா ஒப்புதல் படிவத்திலும் இருக்க வேண்டியதாம். ஆய்வால் உடம்புக்குக் கெடுதல் வந்தால் இலவச சிகிச்சை, அதோடு இழப்பீடு. உயிரே போனால் வாரிசுக்கு. அதற்காகத்தான் நாமினி பேர். "இந்தப் பக்கம் இல்லாத படிவத்தை யாராவது நீட்டினா, அங்கதான் சார் நீங்க பயப்படணும்" என்றார். அதற்குப் பிறகு இவர் ஒன்றும் சொல்லவில்லை. நாமினி இடத்தில் தன் பேரைத் தன் கையாலேயே எழுதினார்.

மகள் இன்னொரு வேலை செய்தாள். படிவத்தின் மேல் இருந்த சி.டி.ஆர்.ஐ. எண்ணைப் போனில் போட்டுத் தேடினாள். இந்தியாவில் நடக்கும் மருந்து ஆய்வுகளுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2007இல் தொடங்கிய பதிவேடு அது. 2009லிருந்து பதிவு கட்டாயம். எங்கள் ஆய்வு அதில் இருந்தது. யார் நடத்துகிறார்கள், எத்தனை பேர், எந்தெந்த ஊர், எதை அளக்கப் போகிறார்கள் என்பதெல்லாம் யார் வேண்டுமானாலும் பார்க்கிற மாதிரி போட்டிருந்தார்கள். எனக்குப் பாதி பயம் போனது அப்போதுதான். ஆய்வில் சேருகிறவர்களின் நலனைப் பார்க்கும் எத்திக்ஸ் கமிட்டியின் தொலைபேசி எண்ணும் படிவத்தில் உண்டு. அதற்கும் ஒரு தடவை போன் செய்து, நடுவில் விலகினால் என் வழக்கமான வைத்தியத்தை நிறுத்துவார்களா என்று கேட்டேன். நிறுத்தக் கூடாது, காரணம் கூடச் சொல்ல வேண்டியதில்லை என்றார்கள். ஆய்வு முடிந்த பிறகு மாத்திரை தொடர்ந்து கிடைக்காது என்பதையும் முன்னாலேயே தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். கையெழுத்துப் போட்டுத் தேதியும் நானே எழுதினேன். நகல் ஒன்று எனக்கு.

முதல் பரிசோதனையில் நான் தேறவில்லை. ஹீமோகுளோபின் 9.4தான் இருந்தது. ஹெச்பிஏ1சி என்பது சிவப்பணுக்களில் ஒட்டியிருக்கும் சர்க்கரையை அளப்பது. அந்த அணுக்கள் சுமார் 120 நாள் வாழ்வதால்தான் அது மூன்று மாதக் கணக்கைச் சொல்கிறது. இரும்புச் சத்து குறைந்தால் அந்த எண் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்று டாக்டர் சொன்னார். 11 வருஷமாகச் சர்க்கரைக்கு வைத்தியம் பார்க்கிறேன், இதை யாரும் எனக்குச் சொன்னதில்லை. மூன்று மாதம் இரும்புச் சத்து மாத்திரை சாப்பிட்டு மறுபடி போனபோது ஹீமோகுளோபின் 11.6, ஹெச்பிஏ1சி 8.3. காலையில் முதலில் போகும் சிறுநீர், இ.சி.ஜி., விழித்திரைப் படம் எல்லாம் எடுத்துச் சேர்த்துக்கொண்டார்கள்.

வரச் சொல்கிற நாளில் வெறும் வயிற்றோடு, காபி கூட இல்லாமல், தாம்பரத்தில் ஐந்தே முக்கால் ரயிலைப் பிடித்து எழும்பூரில் இறங்குவேன். ரத்தம் 15 மி.லி., அதாவது மூன்று டீஸ்பூன் எடுப்பார்கள். உடனே கேன்டீனில் இட்லி. போக்குவரத்துக்குப் பணம். இதில் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை.

தினம் ஒரு மாத்திரை, நான்கு வாரத்துக்கு ஒரு பாட்டில், பாட்டிலுக்கு 35 மாத்திரை. மிச்சம் இருப்பதைப் பாட்டிலோடு திருப்பிக் கொடுக்க வேண்டும், காலி பாட்டிலைக்கூட எறியக் கூடாது. அந்தப் பெண் ஒரு சின்ன நீலத் தட்டில் கொட்டி, ஐந்தைந்தாகத் தள்ளி எண்ணி எழுதுவாள். நான்காவது வாரம் கணக்கு சரியாக இருந்தது. பன்னிரண்டாவது வாரத்துக்குள் மகளுக்கு வளைகாப்பு வந்தது. வீடு நிறைய ஆட்கள், ராத்திரி பகல் தையல் வேலை. ஒன்பது நாள் விட்டுப் போனது. 14 மீதி இருக்க வேண்டிய இடத்தில் 23 இருந்தது. ரயிலில் எண்ணிப் பார்த்தேன். எழும்பூரில் இறங்கியதும் ஒன்பது மாத்திரையைக் காகிதத்தில் சுற்றிக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டேன்.

"நூறு பர்சென்ட்மா!" என்று அந்தப் பெண் சந்தோஷமாக எழுதினாள்.

ஏன் அப்படிச் செய்தேன்? பழக்கம். 11 வருஷமாக எந்த டாக்டர் கேட்டாலும் "சாப்பிடுறேன் டாக்டர்" என்பதுதான் என் பதில். வாரத்தில் இரண்டு நாள் விட்டிருப்பேன், அதைச் சொன்னால் திட்டுவார்கள். அதனால் என்ன ஆகும் என்று ஒரு தடவை பட்டும் இருக்கிறேன். சாப்பிட்டும் குறையவில்லையே என்று ஒரு டாக்டர் கிளிமிபிரைடு அளவைக் கூட்டினார். அந்த வாரம் பயந்துபோய் ஒழுங்காகச் சாப்பிட்டேன். வெள்ளிக்கிழமை கோயில் வரிசையில் சர்க்கரை ரொம்ப இறங்கிப்போய், கை நடுங்கி, வேர்த்து, கண் இருட்டிக்கொண்டு வந்தது. பக்கத்தில் நின்ற அம்மா பிரசாதச் சர்க்கரைப் பொங்கலை வாயில் ஊட்டினார்கள். என் பொய்யை நம்பி எழுதிய அளவு அது. அவரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது?

இடையில் வயிற்றுப்போக்கு வந்து பக்கத்து நர்சிங் ஹோமில் இரண்டு நாள் சேர்ந்தேன். ஆய்வுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் போனில் சொன்னேன். அந்தப் பெண் பதறிவிட்டாள். எந்தக் காரணத்துக்காக மருத்துவமனையில் சேர்ந்தாலும் அது அவர்களுக்குக் கடுமையான பாதகச் சம்பவம். தெரிந்த 24 மணி நேரத்துக்குள் அறிக்கை போக வேண்டும். ஹோட்டல் சாப்பாடுதான் காரணம், மாத்திரை இல்லை என்று பிறகு முடிவானது. பில்லை அவர்களே கொடுத்தார்கள். சேர்ந்தவுடனே கூப்பிட வேண்டும் என்று அட்டையிலேயே எழுதியிருந்தது, நான்தான் கவனிக்கவில்லை.

24ஆவது வாரம் 25 மாத்திரை மீதி. 21 இருந்திருக்க வேண்டும். இந்தத் தடவை அப்படியே கொண்டுபோனேன். எண்ணி முடித்து, "நாலு கூட இருக்கேம்மா, எந்த நாள்னு ஞாபகம் இருக்கா?" என்று கேட்டாள். கோபம் இல்லை, முகம் சுளிக்கவில்லை. சொன்னேன். எழுதிக்கொண்டாள். அவள் எழுதிக்கொண்டிருக்கும்போதே அந்த ஒன்பதையும் சொல்லிவிட்டேன். சொல்லும்போது அழுகை வந்துவிட்டது.

அவள் பழைய தாளை எடுத்தாள். முன்னால் எழுதியிருந்த எண்ணின் மேல் ஒரே ஒரு கோடு. பக்கத்தில் புது எண், அவள் கையெழுத்து, அன்றைய தேதி, காரணம். நூறு என்ற இடத்தில் 84. வெள்ளை மை வைத்து அழித்திருக்கலாமே என்றேன். "அழிக்கவே கூடாதும்மா. முன்னாடி என்ன எழுதினோம், எப்ப மாத்தினோம், ஏன் மாத்தினோம்னு பார்க்கிறவங்களுக்குத் தெரியணும்" என்றாள். அந்தக் கோட்டைப் பார்த்தபோது எனக்கு மனசு லேசானது.

என்னை எடுத்துவிடுவார்களா என்று டாக்டரிடம் கேட்டேன். இல்லை, நெறிமுறை விலகல், அதாவது ஆய்வுத் திட்டத்தில் சொன்னபடி நடக்கவில்லை என்று பதிவு செய்வோம் என்றார். அப்புறம் அவர் சொன்ன ஒரு விஷயம்தான் மாத்திரை எண்ணுவதை எனக்குப் புரியவைத்தது. "நிஜ மருந்து கிடைச்சவங்க சாப்பிடாம, சாப்பிட்டதா தாள்ல இருந்தா, நல்ல மருந்துகூட வேலை செய்யலைன்னு தோணும். இல்லைன்னா டோஸ் பத்தலைன்னு கூட்டிடுவாங்க." எனக்குக் கோயில் வரிசை ஞாபகம் வந்தது. நீண்டகால நோய்க்காரர்களில் வளர்ந்த நாடுகளிலேயே சராசரியாகப் பாதிப் பேர்தான் சொன்னபடி மருந்து சாப்பிடுகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2003இல் எழுதியிருக்கிறது என்றும் சொன்னார். நான் ஒருத்தி மட்டும் இல்லை என்பது அன்று ஓர் ஆறுதல்.

எங்கே இருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். தாம்பரம் என்றதும், "அப்போ ஒவ்வொரு தடவையும் ஒரு பெரிய ஆராய்ச்சிக் கதை நடுவுலதான் ரயில்ல வர்றீங்க" என்றார். தாம்பரத்தை அடுத்த ஸ்டேஷன் சானடோரியம். என் பெரியப்பா காசநோய்க்கு மாதக்கணக்கில் கிடந்த இடம். எழும்பூருக்கு முந்தின ஸ்டேஷன் சேத்துப்பட்டு, காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கும் இடம். டாக்டர் சொன்ன கதை இதுதான். 1956இல் சென்னையில் காசநோய்க்கு ஓர் ஆய்வு தொடங்கினார்கள். 193 நோயாளிகள். சீட்டுப் போட்டதுபோலப் பிரித்து ஒரு பகுதியை சானடோரியத்தில் சேர்த்தார்கள், மற்றவர்களுக்கு வீட்டிலேயே அதே மருந்து, ஒரு வருஷம். வீட்டில் இருந்தவர்களுக்கு நெருக்கடியான வீடு, குறைந்த சாப்பாடு, ஓய்வும் கிடையாது. சானடோரியத்தில் எல்லாம் நன்றாக இருந்தது. 1959இல் முடிவு வந்தபோது இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டால் வீட்டிலிருந்தே குணமாகலாம் என்று உலகம் தெரிந்துகொண்டது இங்கிருந்துதான். அந்த ஆய்விலும், சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் சிறுநீரைச் சோதித்து, மருந்து உள்ளே போயிருக்கிறதா என்று பார்த்தார்களாம். பெரியப்பா மாதிரி வீட்டைப் பிரிந்து படுத்திருக்க வேண்டிய எத்தனை பேர் அதற்குப் பிறகு வீட்டிலேயே இருந்திருப்பார்கள் என்று திரும்பி வரும்போது ஜன்னல் வழியாக சானடோரியம் போர்டைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

52ஆவது வாரம் ஹெச்பிஏ1சி 7.4. எது காரணம் என்று என்னால் சொல்ல முடியாது. புது மாத்திரையாக இருக்கலாம், பழைய மாத்திரைகளை ஒரு வருஷம் ஒழுங்காகச் சாப்பிட்டதாக இருக்கலாம். சிறுநீர் ஆல்புமினின் கணக்கை எல்லா ஊர் நோயாளிகளும் முடித்த பிறகுதான் பிரித்துப் பார்ப்பார்கள். எனக்கு எது கிடைத்தது என்பதும் அப்போதுதான். கடைசிப் பாட்டில்களில் சரியான கணக்கைவிட ஆறு கூட இருந்தது. எந்தெந்த நாள் என்று டைரியில் குறித்து எடுத்துப் போயிருந்தேன்.

இப்போது வழக்கமான மாத்திரைகள் மட்டும்தான். போன மாதம் செக்கப்பில் "எல்லாம் ஒழுங்கா சாப்பிடுறீங்களா?" என்று கேட்டார்கள். அஞ்சு நாள் விட்டுப் போச்சு என்றேன். டாக்டர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, ராத்திரி மாத்திரையைக் காலைக்கு மாற்றி எழுதிக் கொடுத்தார். இந்த மாதம் இதுவரை ஒன்றும் விடவில்லை.

குரோம்பேட்டையில் இருக்கும் என் நாத்தனாரை ஒரு ஆஸ்துமா ஆய்வில் சேரக் கேட்டிருக்கிறார்களாம். அதில் இன்ஹேலர், எத்தனை தடவை அழுத்தினோம் என்று அதிலேயே எண் ஓடுமாம். படிவத்தை வீட்டுக்கு வாங்கி வா, கையெழுத்தை அங்கேயே போட்டுவிடாதே என்று சொல்லியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கடைக்கு லீவு. இரண்டு பேருமாக உட்கார்ந்து படிக்கப் போகிறோம்.