மூன்றாவது குப்பியில் வந்த பவுடர் வாசம்

வீட்டில் நானே கலந்து பார்க்கும் சென்ட்டின் மூன்றாவது குப்பியை நேற்று சாயங்காலம் திறந்தேன். கலந்து வைத்து 5 வாரம் ஆகிறது. முதல் இரண்டும் சரியாக வராத கதையை நெருங்கிய நண்பர்களிடம் மட்டும் சொல்லியிருந்தேன். இந்த முறை எழுதியே வைத்துவிடுகிறேன். பழைய காலத்துப் பூவும் பவுடரும் கலந்த வாசத்தை வீட்டில் செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு என் அளவுகள் உதவட்டும்.

நான் இருப்பது மலேசியாவில் சுங்கை சிப்புட். ஊருக்கு வெளியே ஒரு செம்பனை ஆலையின் ஆய்வுக்கூடத்தில் வேலை. ஆலை வேலை தெரிந்தவர்களுக்கு அந்த வாடையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. குலை வேகும் ஆவி, எண்ணெய், கழிவுநீர்க் குளத்தின் புளிப்பு எல்லாம் சேர்ந்து சட்டையில் ஏறிவிடும், இரண்டு தண்ணீர் அலசினாலும் காலரில் கொஞ்சம் மிச்சம் நிற்கும். பாட்டி காலத்தில் வாடை வேறு. அவர் பால்மரம் (ரப்பர் மரம்) சீவியவர், ஒட்டுப்பால் நாற்றம் கையைவிட்டுப் போக நேரமாகும். வேலை முடிந்து வந்து குளித்து, ஈரத் தலையைத் துண்டால் முடிந்துகொண்டு, லயத்து வீட்டுக்குள் (தோட்டத்து வரிசை வீடு) சன்னல் பக்கம் ஆணியில் தொங்கும் கண்ணாடி முன்னால் நிற்பார். பவுடர் டின் மூடியைத் திருகுவார், ஓட்டைகள் நேருக்கு நேர் வந்ததும் உள்ளங்கையில் இரண்டு தட்டு. முகத்துக்கு, கழுத்துக்கு, மிச்சம் என் முதுகுக்கு. அதோடு அன்றைய வேலை முடிந்தது, இனிமேல் விளக்கு வைத்து, சோறு ஆக்கி, ரேடியோ கேட்கலாம்.

எனக்கு வேண்டியது அந்த நேரத்து வாசம். முழுப் பூ என்று சொல்ல முடியாது, இனிப்பு என்றும் சொல்ல முடியாது. காய்ந்து, மெலிந்து, தோலை விட்டு ஒரு சாண் தள்ளிப் போகாத வாசம் அது. இன்றைக்குக் கடைகளில் கிடைக்கும் பல சென்ட்டுகள் ஆளுக்கு முன்னால் அறைக்குள் நுழைந்துவிடுகின்றன. பவுடர் வாசம் பக்கத்தில் உட்காருகிறவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி பேசும். எனக்குப் பிடித்த குணம் அதுதான், இத்தனை மாதம் மெனக்கெட்டதும் அதற்குத்தான்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இது புரிய எனக்கே நாள் பிடித்தது. பவுடருக்கு என்று தனி வாசம் கிடையாது. டால்க் ஒரு கனிமம், கல்லை அரைத்த மாவு, சுத்தமாக இருந்தால் அதில் முகர ஒன்றுமே இல்லை. பிறகு ஏன் நம் எல்லோருக்கும் பவுடர் வாசம் என்றால் ஒரே ஞாபகம் வருகிறது? ஐரோப்பாவில் முகத்துக்கும் தலைமுடிக்கும் போட்ட பவுடர்களில் ஐரிஸ் செடியின் கிழங்கை இடித்துக் கலந்தார்கள். இத்தாலியின் டஸ்கனி பக்கம் விளையும் கிழங்கு அது. தோண்டி எடுத்தவுடன் வாசம் வராது, தோலைச் சீவி, காயவைத்து, மூன்று வருடத்துக்கு மேல் சும்மா போட்டு வைத்தால்தான் உள்ளே ஐரோன் என்ற பொருள் உருவாகி வாயலெட் பூவைப் போல மணக்கும். தலைமுறை தலைமுறையாக அதையே பூசிப் பூசி, அந்தக் கிழங்கின் வாசம் பவுடரின் வாசம் ஆகிவிட்டது.

1893-இல் டீமான், குரூகர் என்ற இரண்டு வேதியியலாளர்கள் இந்தக் கிழங்கின் வாசத்தை ஆராயப் போய், வாயலெட் போல மணக்கும் அயனோன் என்ற பொருளைச் செய்தார்கள். அதற்கு அவர்கள் எடுத்துக்கொண்ட மூலப்பொருள் சிட்ரல், எலுமிச்சைப் புல்லில் நிறைய இருப்பது. இங்கே நாம் செராய் என்று சொல்லி, தட்டி, கறியில் போடுகிறோமே, அதே புல். என் வீட்டுப் பின்னால் தொட்டியில் நிற்கும் புல்லுக்கும் பாட்டியின் பவுடர் டின்னுக்கும் இப்படி ஒரு உறவு இருக்கிறது என்று தெரிந்த அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. அதற்கு முன்பு வாயலெட் வாசம் வேண்டுமென்றால் மூட்டை மூட்டையாகப் பூ வேண்டும், பணக்காரர்களுக்கு மட்டுமே கட்டுப்படியாகும். அயனோன் வந்த பிறகுதான் அது சாதாரண சோப்புக்கும் பவுடருக்கும் இறங்கி வந்தது.

சரி, கலவைக்கு வருகிறேன்.

முதல் குப்பியில் நான் செய்த தப்பு வெனிலின். பவுடர் என்றால் இனிப்பு என்று நினைத்து அதைக் கையை அடக்காமல் ஊற்றினேன். இரண்டு வாரம் கழித்துத் திறந்தால் பாசார் மாலாமில் (இரவுச் சந்தை) கேக் சுடும் கடைப் பக்கம் நடந்து போனது போல இருந்தது, நிறமும் தேத்தண்ணீர் மாதிரி பழுத்துவிட்டது (வெனிலின் நாளாக ஆகப் பழுக்கும், வெள்ளைத் துணியில் பட்டால் கறை). இங்கே மத்தியானம் 33 பாகை வெயில், கூடவே கசகசப்பு. குளிர் நாட்டில் அளவாக இருக்கும் இனிப்பு நம் ஊரில் தொண்டையைக் கட்டும். இனிப்புக்கும் பவுடருக்கும் ஓரளவு சொந்தம் உண்டு, ஆனால் இனிப்பைக் கூட்டிக்கொண்டே போனால் பவுடர் வராது, பலகாரம்தான் வரும்.

இரண்டாவது குப்பியில் நேர் எதிராகப் போனேன். மெத்தில் அயனோனைப் பாதிக்கு மேல் போட்டேன், ரோஜாவுக்கு ஃபீனைல் எத்தில் ஆல்கஹால், அவ்வளவுதான். பூசிய முதல் நிமிடம் அபாரம். பத்து நிமிடத்தில் ஒன்றுமே இல்லை. குப்பி வீணாகிவிட்டது என்று எழுந்து அடுப்படிக்குப் போனேன், அங்கே காய் அரிந்துகொண்டிருந்த அத்தை தலையைத் தூக்கி, "என்னய்யா, ரோஸ் பவுடர் வாசம் இங்க வரைக்கும் வருது, யாரு வந்திருக்கா?" என்று கேட்டார். அப்போதுதான் படித்தது உறைத்தது. அயனோன் வகை மூக்கைச் சீக்கிரம் களைக்க வைக்கும். பூசியவருக்கு மறைந்து போகும், மற்றவருக்கு இருக்கும், கொஞ்ச நேரம் வெளியே காற்று வாங்கிவிட்டு வந்தால் நமக்கும் திரும்ப வரும். எனக்கு இது குறையாகவே தெரியவில்லை. வந்து, போய், மறுபடி வருவதால்தான் அந்த வாசம் ஞாபகம் போலவே நடந்துகொள்கிறது. ஆனால் வேறு துணை இல்லாமல் அது மட்டும் இருந்தால், வாசம் போன இடம் வெறுமையாகக் கிடக்கும்.

இதற்கு நடுவில் ஒரு நண்பர் பிரான்சின் கெர்லான் நிறுவனம் 1912-இல் கொண்டுவந்த லூர் ப்ளூ என்ற வாசனையின் சின்ன மாதிரிக் குப்பி ஒன்றை அனுப்பினார். இன்றைய தயாரிப்புதான், பழையது கிடையாது. தொடக்கத்தில் சோம்பு, அப்புறம் ஆரஞ்சுப் பூ, கிராம்புச் சாயலில் ஒரு பூ, அடியில் அந்தக் காய்ந்த மாவு. ஒரு வாரம் தினமும் ஒரு சொட்டு போட்டுப் படித்தேன், பாடம் படிப்பது போலவே நோட்டு வைத்துக்கொண்டு. அதில் ஹீலியோட்ரோப் பூவை ஞாபகப்படுத்தும் பாதாம் வாசம் ஒன்று வரும். அதைத் தரும் பொருளை 1869-இல் முதன்முதலில் மிளகிலிருந்து கிடைக்கும் சத்தை வைத்துத்தான் செய்தார்கள், பைபரோனல் என்ற பெயரே மிளகிலிருந்து வந்தது. அது கட்டுப்பாட்டில் உள்ள பொருள், நம்மைப் போன்றவர்கள் வாங்கி வைக்க வேண்டாம். நான் அந்த இடத்தைக் கூமரினை வைத்து நிரப்பினேன். காய்ந்த புல்லும் பாதாமும் சேர்ந்த வாசம் அதற்கு.

கோத்தி நிறுவனத்தின் லோரிகான் என்ற சென்ட், 1905-இல் வந்தது, இதே குடும்பம். அதே வாசத்தைப் போட்டுத்தான் 1935-இல் அந்த நிறுவனம் ஏர்ஸ்பன் முகப்பவுடரை விற்றது. சென்ட் பவுடரைப் போல மணந்ததா, பவுடர் சென்ட்டைப் போல மணந்ததா என்று பிரிக்கவே முடியாத காலம் அது.

மூன்றாவது கலவைக்குப் பூ எங்கிருந்து எடுப்பது என்று யோசித்தபோது, பதில் கோயில் வாசலில் உதிர்ந்து கிடந்தது. மகிழம்பூ. மலாயில் தஞ்சோங். விடியற்காலையில் போனால் மரத்தடி முழுக்கச் சின்னச் சின்ன நட்சத்திரம். மற்ற பூக்கள் வாடினால் வாசம் போய்விடும், இது காய்ந்த பிறகும் விடாது. பாட்டி இதைக் கோத்துச் சேலை மடிப்பில் வைப்பார், மாதக்கணக்கில் கிடக்கும். தேனும் மாவும் கலந்த ஒரு மணம், நாம் தேடுகிற பவுடருக்கு ஒன்றுவிட்ட அக்கா மாதிரி.

முதல் தடவை பொறுக்கிய பூவை அப்படியே ஆல்கஹாலில் போட்டுவிட்டேன். பூவில் இருந்த தண்ணீர் இறங்கிக் கலங்கிப் போய், வெந்த கீரை வாடை வந்தது, கொட்டிவிட்டேன். அடுத்த தடவை வீட்டுக்குள்ளேயே நியூஸ்பேப்பரில் பரப்பி, காற்றாடிக்குக் கீழே மூன்று நாள் வைத்தேன். வெயிலில் வைக்காதீர்கள், வாசம் ஆவியாகிவிடும். விரலில் எடுத்து நசுக்கினால் பொடியாக வேண்டும், அதுதான் பதம். அந்தக் காய்ந்த பூ 10 கிராமை 100 மில்லி ஆல்கஹாலில் போட்டு, ஒரு வாரம் கழித்து வடிகட்டி, அதே ஆல்கஹாலில் மறுபடி புதிதாகக் காயவைத்த பூ. இப்படி நான்கு முறை. கடைசியில் கிடைத்தது இளம் பழுப்பு நிறம். காகிதக் கீற்றில் நனைத்து ஆல்கஹால் போகும் வரை அரை நிமிடம் பொறுத்து முகர்ந்தால், ரொம்ப மெதுவாக, பழைய பெட்டியைத் திறந்தது போல வருகிறது.

ஐரிஸ் கிழங்குப் பொடியையும் இணையத்தில் வாங்கி இதே மாதிரி ஊறவைத்தேன். வாசம் லேசுதான், ஆனால் காய்ந்த வேரின் மண் சாயல் ஒன்று அதில் உண்டு, அயனோனிடம் அது கிடையாது.

கலவையின் கணக்கு இது. ஆய்வுக்கூட வேலை என்பதால் எதையும் சொட்டுக் கணக்கில் விடாமல் எடையில் போடுவது என் பழக்கம். 0.01 கிராம் காட்டும் சின்னத் தராசு போதும். மெத்தில் அயனோன் 1.40 கிராம். ரோஜாவுக்கு ஃபீனைல் எத்தில் ஆல்கஹால் 1.00. எத்திலீன் பிராசிலேட் என்ற கஸ்தூரி வகை 1.00, இதுதான் துணியில் மறுநாள் வரை நிற்பது. கெனாங்கா என்ற பூவின் எண்ணெய் 0.15, கூட்டினால் தலை வலிக்கும். சந்தனம் 0.20. வெனிலின், கூமரின் இரண்டும் பத்து சதவிகிதக் கரைசலாக ஆளுக்கு 0.40. இதெல்லாம் சேர்ந்து 4.55. அதன்மேல் மகிழம்பூச் சாறு 15 கிராம், ஐரிஸ் சாறு 10 கிராம். வேறு ஆல்கஹால் சேர்க்கவே இல்லை, இரண்டு சாறும்தான் ஆல்கஹால். குப்பியைத் துணியில் சுற்றி அலமாரியின் அடித்தட்டில் வைத்துவிட்டேன், அங்கேதான் வீட்டில் சூடு குறைவு.

பழைய சென்ட்டுகளில் இருந்த இன்னொன்று இதில் இல்லை, அதையும் சொல்ல வேண்டும். 1888-இல் ஆல்பர்ட் பௌர் என்பவர் வெடிமருந்து ஆராய்ச்சியில் இருக்கும்போது தற்செயலாகக் கஸ்தூரி மணக்கும் பொருளைக் கண்டார். அந்த வகை நைட்ரோ கஸ்தூரிகள்தான் அந்தக் காலத்துப் பவுடர் வாசத்துக்கு மெத்தை போட்டன. பிறகு உடலுக்கு ஆகாது என்று சிலவற்றைத் தடை செய்தார்கள், சிலவற்றுக்கு அளவு வைத்தார்கள். அதனால் பாட்டியின் டின்னில் இருந்ததை அப்படியே திரும்பக் கொண்டுவர முடியாது, முயலவும் கூடாது என்பது என் கருத்து. தோலில் போடுகிற பொருள். நான் ஒவ்வொரு கலவையையும் முழங்கைக்கு உள்பக்கம் ஒரு சொட்டு வைத்து ஒரு நாள் பொறுத்துப் பார்த்த பிறகுதான் கழுத்துக்குக் கொண்டுபோகிறேன்.

நேற்றுக்கு வருகிறேன். குளித்து முடித்து, துவைத்த பனியன் போட்டுக்கொண்டு, இரண்டு சொட்டு. முதலில் ரோஜாவும் கெனாங்காவும் சேர்ந்து கொஞ்சம் உரக்க வந்தன, அதை ஒத்துக்கொள்கிறேன், அடுத்த முறை கெனாங்காவை 0.10-க்கு இறக்க வேண்டும். கால் மணி நேரத்தில் அவை அடங்கின. அப்புறம் வந்தது. மாவு. மெல்லிய, காய்ந்த, வெதுவெதுப்பான மாவு, அதற்கு அடியில் மகிழம்பூவின் தேன். மறைந்தது. கொல்லைப் பக்கம் போய்ச் செராய்த் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு உள்ளே வந்தேன், மறுபடி இருந்தது. இரவு பத்து மணிக்கும் மணிக்கட்டில் இருந்தது, இன்று காலை பனியனை எடுத்து முகர்ந்தால் கஸ்தூரியும் மகிழம்பூவும் மட்டும் மிச்சம்.

அத்தைக்குக் கைக்குட்டையில் ஒரு சொட்டு வைத்துக் கொடுத்தேன். அவர் பாட்டியின் கடைசி மகள், அந்த லயத்து வீட்டில் வளர்ந்தவர். முகர்ந்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. கைக்குட்டையை நான்காக மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, டிவி பார்த்துக்கொண்டே, "அம்மா டின்னுல இன்னும் கொஞ்சம் கற்பூர வாசம் இருக்கும்யா, அலமாரில கற்பூரத்தோட வச்சிருப்பாங்க" என்றார்.

இதை நான் யோசிக்கவே இல்லை. நான்காவது குப்பிக்குக் கற்பூரம், பத்து சதவிகிதக் கரைசலில், 0.05 கிராமில் தொடங்குகிறேன். பூ காய்ந்துகொண்டிருக்கிறது.