பானைக்கு நெறிமுறை தெரியாது

பேரூராட்சி அலுவலகத்தில் நடக்கும் சமத்துவப் பொங்கலை நகைச்சுவைத் தொடராக எடுத்தால், கதாநாயகன் வேடம் பானைக்குத்தான். அழைப்பிதழில் ‘காலை 10.30 மணி, பொங்கல் வைத்தல்’ என்று அலுவலகம் அச்சடிக்கும். எப்போது பொங்குவது என்பதைப் பானை முடிவு செய்யும். சிறப்பு விருந்தினர் இரண்டையும் பொருட்படுத்த மாட்டார்.

தை 1 விடுமுறை என்பதால் அதற்கு முந்தைய ஏதாவதொரு வேலை நாளில்தான் விழா. அதே வாரத்தில் புகையில்லா போகியும் வந்து தொலைக்கும். வீடு வீடாகப் போய்ப் பழைய பாயும் டயரும் வாங்கிவரும் பேட்டரி வண்டியில்தான் கரும்புக் கட்டும் வந்து இறங்க வேண்டும். செலவை அலுவலகக் கணக்கில் எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது என்று தேடிக்கொண்டிருந்தால் மாசி பிறந்துவிடும். ஆகவே பதவிக்கேற்ற பங்கு. நோட்டைத் தூக்கிக்கொண்டு வசூலுக்குப் போகிறவர் பில் கலெக்டர். ஊர் முழுக்கச் சொத்து வரியைக் கறந்துவிடும் மனிதருக்கு, பக்கத்து நாற்காலியில் இருநூறு ரூபாய் பாக்கி நிற்கும்.

இனி பானை. புது மண்பானையை முதல் நாளே வாங்கி, ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டு, காலையில் கஞ்சித் தண்ணீர் ஊற்றி ஒரு கொதி விட வேண்டும். கஞ்சி போய் நுண்துளைகளை அடைத்துக்கொள்ளும். இதெல்லாம் யாருக்கு நேரம்? காலை எட்டு மணிக்குச் சந்தையில் வாங்கி, ஒன்பதுக்கு அடுப்பில் ஏற்றினால், அடியில் கசிந்து தன் நெருப்பைத் தானே அணைத்துக்கொள்ளும்; இல்லையென்றால் ‘டிக்’ என்று ஒரு சத்தம், நீளவாக்கில் விரிசல். வெளியே எனாமல் பெயிண்டில் பூப்போட்ட பானை படத்துக்கு நன்றாக இருக்கும். தீ பட்டதும் முதலில் கிளம்புவது பெயிண்ட் கருகும் நாற்றம். சுண்ணாம்பும் காவியும் போதும்.

அடுப்பை நேரே பேவர் பிளாக் மேல் வைத்தால் கல் கருகும், சில சமயம் வெடித்துத் தெறிக்கும். மூன்று அங்குலம் மணல் பரப்பி அதன்மேல் செங்கல் வைப்பதே சரி. விறகு விஷயத்தில்தான் சிக்கனம் தலைகாட்டும். மழையில் விழுந்த மரத்தை வெட்டிய கிளைகள் வளாகத்திலேயே குவிந்து கிடக்கும்போது காசு கொடுத்து வாங்குவானேன்? பச்சை விறகில் தீயின் சூடெல்லாம் ஈரத்தை விரட்டவே போய்விடும், மிச்சம் புகை. விருந்தினர் கண்கலங்கி நிற்கும் படம் வருவது இப்படித்தான். காய்ந்த சவுக்கு 15 கிலோவும், பற்றவைக்கத் தென்னம்பாளையும் எடுத்து வைத்தால் அந்த வம்பே இல்லை.

பானையில் கழுத்துக்கு இரண்டு விரல் கீழ் வரை நிரப்ப வேண்டும். பாதிப் பானை கொதிக்கும், பொங்காது. நான்கு லிட்டர் பானை என்றால் ஒரு லிட்டர் பால், மீதி தண்ணீர். நல்ல தீயில் இருபது, இருபத்தைந்து நிமிடம். ‘ஐயா கிளம்பிட்டாங்க’ என்று போன் வந்தால் ஐயா இன்னும் குளிக்கவில்லை என்று அர்த்தம். ‘பைபாஸ் தாண்டிட்டாங்க’ என்ற பிறகே தீக்குச்சியைத் தொட வேண்டும். ஆர்வக்கோளாறில் முன்பே மூட்டிவிட்டால், பால் ஏறும்போதெல்லாம் இரண்டு விறகை இழுத்து ஒரு செம்பு பச்சைத் தண்ணீர் விட்டுச் சமாளிக்கலாம். மூன்றாவது செம்புக்குப் பிறகு உள்ளே இருப்பது பாலே இல்லை. நுரை வராது, வெறுமனே தளபுளக்கும். அதற்காகவே அரை லிட்டர் பாலை மறைத்து வைத்திருக்கும் அலுவலக உதவியாளர் அம்மாவுக்குத்தான் விழா மலரில் முதல் பக்கம் தர வேண்டும்.

உண்மையான பொங்கல், ஊருக்கே தெரிந்த ரகசியமாக, பம்ப் அறைக்குப் பின்னால் கேஸ் அடுப்பில் வெந்துகொண்டிருக்கும். பச்சரிசி 5 கிலோ, பாசிப்பருப்பு ஒன்றேகால், வெல்லம் 6, நெய் 1 கிலோ, முந்திரி 400 கிராம், ஏலக்காய் 25 கிராம். தொன்னைக்கு 100 கிராம் கணக்கில் 250 பேருக்குக் காணும். வெல்லத்தைக் கரைத்து வடிகட்டாவிட்டால் பல்லில் மணல் நெறுநெறுக்கும். அரிசி குழைந்த பிறகே வெல்லம். முந்தினால் அரிசி விறைத்து நின்றுவிடும். ‘நேரமாச்சு மாஸ்டர், இப்பவே போடுங்க’ என்று சொல்ல அலுவலகத்துக்கு ஒருவர் பிறந்திருப்பார்.

அடுத்த ஆபத்து காபி. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டவற்றில் பிளாஸ்டிக் பூச்சுள்ள பேப்பர் கப்பும் உண்டு. போன வாரம் அதே கப்புக்காகக் கடைக்காரருக்கு அபராதம் போட்ட மேற்பார்வையாளர் கையில், இன்று அந்தக் கடைக்காரரே சிரித்த முகத்தோடு அதை நீட்டுவார். பறிமுதல் செய்வதா, குடிப்பதா? டம்ளரை வாடகைக்கு எடுத்திருந்தால் இந்தத் தர்மசங்கடம் இல்லை.

மைக் செட்டை கம்ப்யூட்டர் இருக்கும் லைனில் செருகாமல் இருப்பது, உறியடிக்குக் கண் கட்டியவரைச் சுற்றிப் பதினைந்து அடிக்கு ஆள் நிற்க விடாமல் இருப்பது, இவை இரண்டும் தெரிந்ததுதான். கோலப் போட்டிக்குத்தான் கொஞ்சம் மூளை வேண்டும். நான்குக்கு நான்கு அடிக் கட்டங்கள், 45 நிமிடம். வாசலிலிருந்து ஜீப் வந்து போகப் பத்தடி வழியை விட்டுவிட்டுச் சாக்பீஸ் கோடு போட வேண்டும். கடைசி நேரத்தில் கூடுதலாக இரண்டு பேர் வந்து, ‘சார், ஓரமா போட்டுக்கிறோம்’ என்பார்கள். அந்த ஓரம் அந்தப் பத்தடியில்தான் இருக்கும். பரிசு வாங்குவதும் அந்தக் கோலமாகத்தான் இருக்கும்.

பன்னிரண்டு மணிக்கு வரும் விருந்தினர் கரண்டியைப் பிடித்துப் படத்துக்கு நிற்பார், நான்கு வார்த்தை பேசுவார். அடுத்த அலுவலகத்திலும் ஒரு பானை காத்திருக்கிறது. ஜீப் கதவு சாத்தும் அந்த நொடியில் பால் விளிம்பு தாண்டும். ‘பொங்கிருச்சு! பொங்கலோ பொங்கல்!’ என்று எல்லோரும் கத்த, யாரோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து டிரைவர் ரிவர்ஸ் எடுப்பார், முதல் பரிசின் மேல்.