வலி குறைந்த பிறகு வரச் சொல்லுங்கள்

குணமாகாத நோயில் வலியையும் அவதியையும் தணிக்க வீடு தேடிப் போய்ப் பார்க்கும் நோய் ஆதரவு சிகிச்சையில், முதல் நாளே நோயாளிக்கு ஒரு கோப்பு திறப்போம். அதில் 'பிள்ளைகள் எத்தனை' என்று ஒரு கட்டம் உண்டு. "ரெண்டு பொம்பளப் பிள்ளைக" என்பார் அய்யா. வழியனுப்ப வாசல் வரை வரும் அம்மா, நாம் செருப்பு மாட்டும் நேரமாகப் பார்த்து, "மூத்தவன் ஒருத்தன் தொண்டியில இருக்கான் சிஸ்டர். பேச்சுவார்த்தை கெடையாது" என்பார். விடுபட்ட அந்தப் பெயரை அன்றைக்கே கோப்பில் ஓர் ஓரமாக எழுதிவைக்க வேண்டும். அதற்கு மேல் அன்றைக்கு ஒன்றும் செய்யக்கூடாது.

ராமநாதபுரம் கடற்கரையில் தொண்டியிலிருந்து திருப்பாலைக்குடி, தேவிபட்டினம், மண்டபம், தங்கச்சிமடம் வரைக்கும், அந்தப் பக்கம் ஏர்வாடி, மூக்கையூர் வரைக்கும் இந்தக் கதை ஏறக்குறைய ஒன்றுதான். தங்கை கல்யாணத்துக்காக அப்பா வல்லத்தை விற்றிருப்பார். வியாபாரியிடம் வாங்கிய முன்பணம் யார் தலையில் விழுவது என்று தகராறு வந்திருக்கும். அப்பா நாட்டுப்படகு, மகன் விசைப்படகு என்று கடலிலேயே எதிரெதிராக நின்றிருப்பார்கள். குடி இருக்கும். வேற்றுச் சாதியிலோ மதத்திலோ கல்யாணம் செய்தவன் என்று ஒதுக்கி வைத்திருப்பார்கள். எதுவானாலும் அது "என் சாவுக்குக் கொள்ளி வைக்கக்கூட அவன் வரக்கூடாது" என்ற இடத்தில் வந்து நின்றிருக்கும். யார் பக்கம் நியாயம் என்று கிளறுவதில் பலனில்லை. அதைத் தீர்க்கிற அளவுக்கு நாட்களும் மிச்சமிருக்காது.

முதல் வேலை வலி. வலியில் கிடப்பவரிடம் மகன் பேச்சை எடுத்தால் கோபம்தான் பதிலாக வரும். அந்தக் கோபத்தில் வந்த சொல்லைக் குடும்பம் கடைசி வார்த்தையாக வைத்துக்கொள்ளும். வாய்ப்புற்று முற்றிய நிலைக்கு மார்ஃபின் என்ற கடும் வலிநிவாரணி மாத்திரை வேண்டியிருக்கும். மருத்துவர் பெரும்பாலும் 10 மி.கி. மாத்திரையில் பாதியிலிருந்து தொடங்குவார். 4 மணி நேரத்துக்கு ஒரு தடவை, அதாவது காலை 6, 10, மதியம் 2, மாலை 6. இரவு 10 மணி வேளைக்கு மட்டும் இரண்டு மடங்கு. அப்போதுதான் நடுராத்திரி எழுப்ப வேண்டியதில்லை. கூடவே மலமிளக்கியும் எழுதுவார். அதை விட்டுவிட்டு மார்ஃபினை மட்டும் கொடுக்கிற வீடுகளில் ஒரு வாரத்துக்குள் வயிறு கல்லாகி, "இந்த மாத்திரையே வேணாம்" என்று நிறுத்திவிடுகிறார்கள். முதல் இரண்டு மூன்று நாள் தூக்கமாகவே இருப்பார், குமட்டலும் வரும், பிறகு தெளிந்துவிடும். அந்தத் தூக்கத்தைப் பார்த்துத்தான் "அதைக் குடுத்தா ஆளு முடிஞ்சிரும்" என்ற பேச்சு கிளம்புகிறது. முறையாக அளந்து கொடுக்கும் மார்ஃபின் சாவை முன்கூட்டிக் கொண்டுவராது என்பதைக் குடும்பத்துக்கு முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பின்னால் வரப்போகும் மகன் காதிலும் இந்த வதந்திதான் முதலில் விழும்.

இரண்டாவது நாற்றம். கன்னம் உடைந்து புண் வெளியே வந்தவர்கள் ஆட்களைக் கிட்டே விடுவதில்லை. கோபத்தில் விலக்குகிறார் என்று வீட்டார் நினைப்பார்கள். பாதி அது கூச்சம். அரை லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஒரு தேக்கரண்டி உப்புக் கரைத்து ஊற்றிக் கழுவி, மருத்துவர் சொன்னபடி மெட்ரோனிடசோல் என்ற கிருமிக்கொல்லி மாத்திரையைப் பொடியாக்கித் தூவிக் கட்டினால் சில நாளில் நாற்றம் நன்றாக அடங்கும். கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்கிற ஊர்களில், ஏற்கெனவே உப்பாகத்தானே இருக்கிறது என்று அதையே ஊற்றிவிடுகிறார்கள். அது எரியும், சுத்தமும் இல்லை. குடம் காசு கொடுத்து வாங்குகிற குடிதண்ணீரில் ஒரு செம்பைப் புண்ணுக்கென்று ஒதுக்கச் சொல்ல வேண்டும்.

இவ்வளவும் ஆன பிறகுதான் பேச்சு. "மகனைக் கூப்பிடவா?" என்று கேட்கக்கூடாது. பத்து வருஷமாக 'இல்லை' என்று சொன்னவருக்கு அந்தக் கேள்விக்கு வேறு பதில் சொல்லத் தெரியாது. "உங்க உடம்பு இப்படி இருக்கிறது அவருக்குத் தெரியுமாய்யா? தெரியப்படுத்தட்டுமா?" என்று கேட்டால் அவர் வீம்புக்குப் பழுது வராது. "தெரிஞ்சாத் தெரியட்டும்" என்றால் சம்மதம். "எனக்கு எதுக்கு, அவன் ஆத்தாளப் பாக்க வேணும்னா வரட்டும்" என்றால் அதுவும் சம்மதம்தான், நன்றாகவே சொல்லியிருக்கிறார். முகத்தைத் திருப்பிக்கொண்டால் சம்மதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது, அடுத்த வருகையில் இன்னொரு முறை கேட்கலாம். தெளிவாக வேண்டாம் என்றால் அதோடு விட வேண்டும். உடம்பு அவருடையது, அதைப் பற்றிய செய்தியும் அவருடையது.

மகனுக்கு யார் சொல்வது? தாய்மாமன், சித்தப்பா வேண்டாம். "இப்பவாச்சும் உனக்குப் புத்தி வரட்டும்" என்று ஆரம்பித்துக் காரியத்தையே கெடுத்துவிடுவார்கள். அக்காவோ தங்கையோ பேசுவது நல்லது, அல்லது நர்ஸ் பேசலாம். "அப்பா சீரியஸ், உடனே வா" என்பது உதவாத வாக்கியம். மூன்று தடவை சீரியஸ் என்று சொல்லி ஒன்றும் ஆகாமல் போனால் நாலாவது தடவை அவன் கிளம்ப மாட்டான். நோய் என்ன, குணமாகுமா, எவ்வளவு காலம் என்பதைச் சொல்ல வேண்டும். காலத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது. நோயாளியின் நிலை மாதத்துக்கு மாதம் இறங்கினால் மாதக் கணக்கு, வாரத்துக்கு வாரம் இறங்கினால் வாரக் கணக்கு, நேற்று உட்கார்ந்தவர் இன்று உட்காரவில்லை என்றால் நாள் கணக்கு. மகன் கட்டாயம் கேட்பான், "அவரு வரச் சொன்னாரா?" என்று. இல்லாததைச் சொல்லிக் கூட்டிவந்தால் வாசலிலேயே வெடிக்கும். "உங்களுக்குத் தெரியட்டும்னு சொன்னாரு" என்பது போதும், உண்மையும் அதுதான்.

விசைப்படகுக்காரன் என்றால் மீன்வளத் துறையில் டோக்கன் போட்டுக் கடலில் இறங்கியவன் மறுநாள் காலை கரை ஏறும் வரை போனில் கிடைப்பதே சிரமம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் இந்த விஷயத்தில் ஒரு வசதி, ஆள் ஊரில் இருப்பான். கையில் காசு இருக்காது, அது வேறு. சவூதியிலோ குவைத்திலோ இருப்பவனுக்கு முதலாளியிடம் காட்ட, நோயின் பெயரும் நிலையும் போட்டு மருத்துவர் ஆங்கிலத்தில் எழுதிய கடிதம் வேண்டும். அவன் கேட்பதற்கு முன்பே வாங்கிப் படமெடுத்து அனுப்பிவிடுவது நல்லது, ஒரு வாரம் மிச்சமாகும். இலங்கைச் சிறையில் மாட்டிக்கொண்டவன் என்றால் கடிதமாவது போக வேண்டும்.

வர முடியாதவனுக்கு வீடியோ கால். இதில் யாரும் யோசிக்காத ஒரு சிக்கல் இருக்கிறது. திரையின் மூலையில் அய்யாவின் முகமும் சின்னதாகத் தெரியும். மாதக்கணக்காகக் கண்ணாடி பார்க்காத மனிதர், கன்னம் போன தன் முகத்தை அப்போதுதான் முதன்முதலாகப் பார்ப்பார். மகனைப் பார்க்கவே மாட்டார். அந்த மூலையில் ஒரு துண்டு பிளாஸ்டர் ஒட்டிவிட்டுப் போனைக் கொடுக்க வேண்டும். கட்டிலைச் சுற்றிப் பன்னிரண்டு பேர் நின்று அழுதால் இரண்டு பக்கமும் ஒன்றும் கேட்காது. ஒருவர் போனைப் பிடித்தால் போதும், ஐந்து நிமிஷம் போதும். குரல் போய்விடும் நோய் என்றால் இன்னும் முந்த வேண்டும். பேச்சு தெளிவாக இருக்கும் நாளிலேயே, அவர் சம்மதித்தால், இரண்டு வார்த்தை பதிவு செய்து வைக்கலாம்.

நேரில் வருகிறவனுக்கு மணி குறித்துக் கொடுக்க வேண்டும். வாயால் கொடுக்கும் சாதாரண மார்ஃபின் வேலை செய்ய அரை மணி நேரம் ஆகும், ஒரு மணி நேரத்தில் உச்சத்தில் இருக்கும். 10 மணி வேளை கொடுத்த வீட்டுக்கு 11 மணிக்கு வரச் சொல்வது உத்தமம். புண் இல்லாத பக்கம், காது நன்றாகக் கேட்கிற பக்கம் பார்த்து ஒரு ஸ்டூல் போட்டு வைக்க வேண்டும். படுத்திருப்பவர் முன்னால் மகன் நின்றுகொண்டிருந்தால் அது பஞ்சாயத்து மாதிரி ஆகிவிடும். "கால்ல விழுடா" என்று சொல்லக் காத்திருக்கும் பெரியவர்களை டீக்கடைக்கு அனுப்பிவிடலாம். பத்திரம், பேங்க் பாஸ்புக், படகின் பதிவுச் சான்று எதுவும் அன்று வெளியே வரக்கூடாது. கையெழுத்துக்காகத்தான் வந்தான் என்று ஒருவர் வாயில் வந்தால் போதும். உயில் எழுதுவதாக இருந்தால் நினைவு தெளிவாக இருக்கும் வேறொரு நாளில், மகன் இல்லாத நேரத்தில், இரண்டு சாட்சிகளை வைத்து முடிக்கட்டும்.

முதல் சந்திப்பில் இருவரும் பேசவே மாட்டார்கள். அதைத் தோல்வி என்று நினைத்து ஊடே புகுந்து பேசுகிறவர்களால்தான் தொல்லை. "மன்னிச்சிருங்கப்பா" என்று சொல்லவைக்க மற்றவர்கள் முயன்றும் மகன் அசையாமல் உட்கார்ந்திருப்பதை இந்த வேலையில் இருப்பவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். அவனுக்கு வேண்டியது வார்த்தை இல்லை, வேலை. விழுங்க முடியாத அப்பாவுக்கு மூக்குக் குழாய் வழியாகக் கஞ்சி ஊற்றுவதைப் போல இதற்குப் பொருத்தமான வேலை வேறு கிடையாது.

அதைச் சொல்லிக் கொடுக்கும் முறை இது. தலைமாட்டில் தலையணை அடுக்கிப் பாதி உட்கார்ந்த நிலையில் சாய்க்க வேண்டும். மூக்கருகே குழாயில் போட்ட மைக்குறி நேற்றிருந்த இடத்திலேயே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வெளியே இழுபட்டிருந்தால் ஒரு சொட்டும் ஊற்றாமல் நர்ஸைக் கூப்பிட வேண்டும். குழாயை விரலால் மடக்கிப் பிடித்து மூடியைத் திறந்து, தள்ளுதண்டு இல்லாத 50 மி.லி. சிரிஞ்சைச் சொருகி, முதலில் 30 மி.லி. தண்ணீர். பிறகு வெதுவெதுப்பான கஞ்சி, ஒரு வேளைக்கு 200 மி.லி. அளவில். அரிசிக் கஞ்சியானாலும் மீன் சாறானாலும் வேட்டித் துணியில் இரண்டு தடவை வடிகட்டியிருக்க வேண்டும். கேழ்வரகுக் கஞ்சி ஆற ஆற இறுகும், அதுதான் அதிகம் அடைக்கும். சிரிஞ்சை அவர் தலைக்கு ஒரு சாண் மேலே பிடித்தால் கஞ்சி தானாக இறங்கும். தண்டை வைத்து அழுத்தித் தள்ளினால் ஏப்பம், வாந்தி, இருமல். இருமினாலோ மூச்சு மாறினாலோ உடனே நிறுத்த வேண்டும். முடிவில் மறுபடி 30 மி.லி. தண்ணீர், மூடி, அரை மணி நேரம் அதே சாய்மானம்.

மொத்தம் 15, 20 நிமிஷம். அவ்வளவு நேரமும் கையை எடுக்க முடியாது, போனைப் பார்க்க முடியாது, அப்பா முகம் ஒரு முழ தூரத்தில். அய்யாவுக்கும் எழுந்து போக வழியில்லை. பேச்சு எங்கே தொடங்கும் என்றால் என்ஜினில் தொடங்கும். நண்டு விலையில், யார் வலை அறுந்தது என்பதில். குரல் போனவர் கையை ஆட்டி 'மெதுவா ஊத்து' என்பார், கடலில் போட்ட அதே அதட்டலோடு. பழைய சண்டை பற்றி ஒரு வார்த்தை வராது. நாமும் எடுக்கக்கூடாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்கவைப்பது, சவரம் செய்வது, நனைத்த துணியால் வாயைத் துடைப்பது என்று வேலை ஒவ்வொன்றாக அவன் கைக்கு மாறிவிடும். ராத்திரிக் காவலையும் அவனே கேட்டு வாங்கிக்கொள்வான்.

இடையில் ஒரு நாள் அய்யா "வெளிய போடா" என்று கத்தலாம். மகன் பையை எடுப்பதற்கு முன் அடிவயிற்றைத் தொட்டுப் பார்க்க வேண்டும். சிறுநீர் கட்டியிருந்தால் பானை மாதிரி விம்மியிருக்கும், குழாய் போட்டால் அரை மணியில் ஆள் மாறிவிடுவார். மலம் எத்தனை நாளாகப் போகவில்லை, காய்ச்சல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தை ராத்திரியில் கொடுத்தால் தூக்கம் கெட்டு எரிந்து விழுவார், அதைக் காலை வேளைக்கு மாற்றும்படி மருத்துவரிடம் கேட்க வேண்டும். தினமும் குடித்தவர் படுக்கையில் விழுந்ததும் குடி திடீரென நின்றுபோனால் இரண்டு மூன்று நாளில் கை நடுக்கமும் குழப்பமும் வரலாம். இதெல்லாம் உடம்பு பேசுவது. இதைச் சொல்லாமல் விட்டதால் திரும்பிப் போனவர்கள் உண்டு.

எல்லா வீட்டிலும் இது கூடிவராது. அடித்து நொறுக்கிய அப்பாவைப் பார்க்க மகன் மறுத்தால் அவனுக்குப் பாவ புண்ணியம் சொல்ல நாம் யார்? அதே போல நம்மைக் கடைசி வரை விலக்குகிற அய்யாவும் இருப்பார். அவர் வலி இல்லாமல் போக வேண்டும், அது மட்டும் நம் கடன்.

தாமதமாக வருகிறவனும் வராதவனும் பின்னால் நம்மைத் தேடி வருவார்கள். கருமாதி முடிந்தோ, நாற்பதாம் நாள் ஃபாத்திஹா முடிந்தோ, மிச்ச மார்ஃபினையும் வாட்டர் பெட்டையும் திருப்பிக் கொடுக்கிற சாக்கில். இரண்டு கேள்விதான். வலித்ததா? என்னைப் பற்றி ஏதாவது கேட்டாரா? இரண்டாவதற்கு ஆறுதலுக்காக ஒன்றை இட்டுக்கட்டினால் வீட்டிலிருக்கும் அம்மாவிடம் போய் ஒப்பிட்டுப் பார்ப்பான். அதனால் அய்யா மகனைப் பற்றிச் சொன்னது எதுவானாலும், திட்டாக இருந்தாலும், தேதி போட்டு அவர் சொன்னபடியே கோப்பில் எழுதிவைக்க வேண்டும். "காத்து இப்படி அடிக்குதே, தொண்டிக்காரன் எறங்கிருப்பானா" என்று ஒரு நாள் கேட்டிருப்பார். அது அவனுக்குச் சேர வேண்டிய பேச்சு. அவன் வந்து கேட்கும் நாளில் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டலாம்.