96 நானோகிராம்

96 நானோகிராம் என்ற எண்ணை எங்கள் ஆய்வகத்தில் யாரை நடுராத்திரியில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். அது எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பாதிப் பேர் விட்டத்தைப் பார்ப்பார்கள். மருந்து நிறுவனத்தின் பகுப்பாய்வுப் பிரிவில் எண்கள் சுவரில் தொங்கும் நாள்காட்டி மாதிரி. தாளைக் கிழிப்போமே தவிர, யார் அச்சிட்டது என்று பார்ப்பதில்லை.

கணக்கு என்னவோ எளியதுதான். மருந்தில் வேண்டாத மாசாகக் கலந்துவிடும் நைட்ரோசமைன் என்ற வேதிப்பொருள் வகையில் ஒன்று என்டிஎம்ஏ. அதை ஆயுள் முழுக்கக் கொடுத்தால் பாதி எலிகளுக்குப் புற்றுநோயை உண்டாக்கும் அளவு, ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 0.096 மில்லிகிராம். பாதி என்பதை லட்சத்தில் ஒன்றாக இறக்க, அதை 50,000ஆல் வகுக்க வேண்டும். மனிதரின் எடை 50 கிலோ என்று வைத்துப் பெருக்கினால் 96 நானோகிராம் (நானோகிராம் என்பது கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு). மருந்தில் நாளொன்றுக்கு அனுமதிக்கும் வரம்பு இதுதான். எழுபது ஆண்டுகள் ஒரு நாளும் தவறாமல் அந்த அளவை விழுங்கியவர்களில், லட்சத்தில் ஒருவருக்குக் கூடுதலாகப் புற்றுநோய் வரலாம் என்பது இதன் பொருள். எலியிலிருந்து மனிதருக்கு நேர்க்கோடு போட்டு இறக்கிய எண். அந்தக் கோடு உண்மையில் அவ்வளவு நேராக இருக்குமா என்பது தனி வழக்கு.

இந்த எண் எங்கள் வேலைக்குள் நுழைந்தது 2018 ஜூலையில், ரத்த அழுத்த மருந்தான வால்சார்ட்டன் வழியாக. சீனாவில் தயாரான மூலப்பொருளில் என்டிஎம்ஏ இருப்பது தெரியவந்து, பல நாடுகளில் மாத்திரைகள் திரும்பப் பெறப்பட்டன. எப்படி வந்தது என்பதைப் படித்தபோது எனக்கு வந்தது அதிர்ச்சியைவிட எரிச்சல்தான். வால்சார்ட்டனைத் தயாரிக்கும் ஒரு கட்டத்தில் சோடியம் அசைடு தேவை. வினை முடிந்ததும் மீந்திருக்கும் அசைடை அழிக்க சோடியம் நைட்ரைட் சேர்ப்பார்கள். புதிய தயாரிப்பு முறையில் கரைப்பான் டைமெத்தில் ஃபார்மமைடு. அது துளி சிதைந்தாலும் டைமெத்திலமைன் பிறக்கும். அமிலத்தில் அதுவும் நைட்ரைட்டும் சந்தித்தால் என்டிஎம்ஏ. கல்லூரிக் கரிம வேதியியல் இது. என்டிஎம்ஏ எலிகளின் கல்லீரலில் புற்றுநோயை உண்டாக்கும் என்று மாகீ, பார்ன்ஸ் என்ற இரண்டு பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் 1956ஆம் ஆண்டிலேயே காட்டியிருக்கிறார்கள். ஆனாலும் பல ஆண்டுகளாக பேட்ச் பேட்சாக வெளியே போன மருந்தில் யாரும் இதைப் பார்க்கவில்லை. புற ஊதா ஒளியைக் கொண்டு பார்க்கும் எங்கள் வழக்கமான கருவிகளுக்கு அந்த அளவு எட்டாது. தேடு என்று எந்த விதிமுறையும் சொல்லவும் இல்லை.

அதுவரை ஆலத்தூர் மருந்துத் தொழிற்பேட்டைப் பக்கம் எங்களைப் போன்ற ஆய்வகங்களுக்கு 'பாஸா, ஃபெயிலா' என்ற ஒரே கேள்விதான் வரும். அதன்பிறகு 'இது எங்கிருந்து வந்தது' என்ற கேள்வியும் சேர்ந்துகொண்டது. மூலக்கூறுகளை நிறையைக் கொண்டு அடையாளம் காணும் நிறைநிறமாலைக் கருவி புதிதாக வந்தது. அதற்கென்று தனி அறை, தனிக் குளிர்சாதனம், செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நுழைய வேண்டும் என்ற எழுதாத சட்டம்.

கருவி நுட்பமாக ஆக, ஏமாறும் வழிகளும் நுட்பமாகிவிடுகின்றன. சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் மாத்திரை இதற்கு நல்ல உதாரணம். நிறைநிறமாலையில் என்டிஎம்ஏ 75.055 என்ற இடத்தில் தெரியும். டைமெத்தில் ஃபார்மமைடின் இடம் 74.060. ஒன்று முழுசாகத் தள்ளி இருக்கிறதே, குழப்பம் எங்கே என்று தோன்றும். ஆனால் இயற்கையில் நைட்ரஜனில் ஒரு சிறு பங்கு கனமான நைட்ரஜன்; அதைச் சுமந்த ஃபார்மமைடு மூலக்கூறு 75.057இல் வந்து நிற்கும். வித்தியாசம் மூன்றாவது தசமத்தில் இரண்டு. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் வெளிவந்து, கருவியின் நுட்பமும் சரியாக அமைக்கப்படாவிட்டால், தீங்கற்ற அளவிலான கரைப்பான் மிச்சம் புற்றுநோய்க் காரணியாக அறிக்கையில் ஏறிவிடும். 2020இல் ஒரு தனியார் ஆய்வகத்தின் மெட்ஃபார்மின் முடிவுகள் சில இப்படி மிகையாகிவிட்டன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவின் ஆய்வாளர்கள் கட்டுரையே எழுதினார்கள்.

வயிற்று அமிலத்துக்கான ரானிடிடின் மாத்திரையின் கதை இன்னும் விசித்திரம். 2019இல் ஒரு சோதனையில் மாத்திரையை 130 டிகிரி வரை சூடாக்கி ஆவியை அளந்தார்கள். நம்ப முடியாத அளவு என்டிஎம்ஏ வந்தது. சூடே அதை உண்டாக்கியது என்றது எஃப்டிஏ. சரி, தப்பித்தது என்று நினைத்தால், சூடில்லாத முறையில் அளந்தும் சில மாத்திரைகளில் வரம்பைத் தாண்டியது. அலமாரியில் இருக்க இருக்க, வெப்பம் கூடக்கூட, இன்னும் ஏறியது. 2020 ஏப்ரல் 1 அன்று ரானிடிடின் முழுவதையும் சந்தையிலிருந்து எடுக்கச் சொன்னார்கள். சோதனை தவறு, முடிவின் திசை சரி. இப்படி ஒரு வழக்கை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

எங்கள் அறையிலும் ஒருமுறை மருந்தே இல்லாத வெறும் கரைசலில் நைட்ரோசமைன் பீக் (கருவி வரையும் கோட்டில் எழும் முகடு) எழுந்தது. தண்ணீரை மாற்றினோம், குப்பியை மாற்றினோம், வடிகட்டியை மாற்றினோம். எங்களில் வயதில் மூத்த டெக்னீஷியன் அண்ணன் ஒருவர், முன்பு டயர் கம்பெனியில் இருந்தவர், ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "கையுறையைக் கழற்றிப் பாருங்கள் தம்பி" என்றார். ரப்பரைக் கெட்டிப்படுத்தச் சேர்க்கும் பொருள்களிலிருந்து நைட்ரோசமைன் பிறப்பது ரப்பர் தொழிலில் பழைய செய்தியாம். கையுறை வகையை மாற்றியதும் பீக் காணாமல் போனது. கருவி வாங்கிய செலவில் பாதியை அவருக்குக் கொடுத்திருக்கலாம் என்று இன்றும் சொல்லிச் சிரிப்போம்.

இப்படி ஒன்றுமில்லாததற்கு அருகே வரை அளக்கக் கற்றுக்கொண்டோம். எவ்வளவு பயப்பட வேண்டும் என்பதை அளக்கத்தான் இன்னும் தடுமாறுகிறோம். வால்சார்ட்டன் விவகாரத்தில் எஃப்டிஏ ஒரு கணக்குச் சொன்னது: பாதிக்கப்பட்ட மருந்தை மிக உயர்ந்த அளவில், 320 மில்லிகிராம், நான்கு ஆண்டுகள் தினமும் 8,000 பேர் சாப்பிட்டிருந்தால், அவர்கள் அனைவரின் ஆயுளிலும் சேர்த்துக் கூடுதலாக ஒருவருக்குப் புற்றுநோய் வரலாம். அதே நேரத்தில் கனடாவின் ஒன்டாரியோவில் என்ன நடந்தது என்று பின்னர் ஆராய்ந்தார்கள். திரும்பப் பெற்ற ஒரு மாதத்துக்குள் பத்தில் ஒருவர் மாற்று மருந்துக்குப் போயிருக்கவில்லை. உயர் ரத்த அழுத்தத்துக்காக அவசரப் பிரிவுக்கு வந்தவர்களின் எண்ணிக்கை கூடியிருந்தது. எங்கள் தெருவிலும் அப்படித்தான். பேப்பரில் செய்தி பார்த்த கையோடு பக்கத்து வீட்டுப் பெரியவர் மாத்திரையையே நிறுத்திவிட்டார். அவர் சாப்பிட்டது வால்சார்ட்டனே இல்லை.

அதனால்தான் 2020இல் ரிஃபாம்பிசின் விஷயத்தில் எடுத்த முடிவை நான் மதிக்கிறேன். காசநோய்க்கு அடிப்படையான மருந்து அது. அதில் வேறொரு நைட்ரோசமைன் இருந்தது, வரம்பு 0.16 பிபிஎம் (பிபிஎம் என்பது பத்து லட்சத்தில் ஒரு பங்கு). அந்த வரம்பைப் பிடித்துக்கொண்டால் மருந்துக்குத் தட்டுப்பாடு வரும். எஃப்டிஏ தற்காலிகமாக 5 பிபிஎம் வரை அனுமதித்தது. முப்பது மடங்கு. எங்கள் ஆய்வகத்தில் சேர்ந்து சில மாதங்களே ஆன ஒரு பெண் கொதித்துப் போனாள்: "அப்படியானால் முதல் எண் பொய்யா, சார்?" பொய்யில்லை. எழுபது ஆண்டுக்குப் போட்ட கணக்கை ஆறு மாதம் சாப்பிடும் மருந்துக்கு அப்படியே வைக்க முடியாது. மருந்து கிடைக்காத காசநோயாளி லட்சத்தில் ஒருவர் என்ற கணக்குக்குள் வரமாட்டார். சொன்னேன். அவள் முகம் தெளிந்ததாகத் தெரியவில்லை. அதுவும் நல்லதுதான், இந்த வேலைக்கு.

இப்போது சிக்கல் வேறு பக்கம் திரும்பியிருக்கிறது. கரைப்பானோ தொழிற்சாலையோ அல்ல, மருந்து மூலக்கூறே நைட்ரஜன் உள்ள தன் அமைன் பகுதியில் நைட்ரைட்டைப் பிடித்து நைட்ரோசமைனாக மாறுகிறது. நைட்ரைட் வருவது மாத்திரையில் நிரப்பும் லாக்டோஸ், மாவுப்பொருள் போன்றவற்றிலிருந்து, பிபிஎம் கணக்கில். இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு எலிச் சோதனைத் தரவே கிடையாது. அதனால் 2023 முதல் மூலக்கூறின் அமைப்பைப் பார்த்து ஐந்து வகையாகப் பிரித்து வரம்பு கொடுக்கிறார்கள். கடுமையான முனையில் சில பத்து நானோகிராம், தளர்ந்த முனையில் 1,500. வெள்ளெலியின் கல்லீரல் சாற்றைக் கொண்டு செய்யும் மேம்பட்ட ஏம்ஸ் சோதனையில் பாக்டீரியாவில் மரபணு மாற்றம் எதுவும் தெரியாவிட்டால், வரம்பு தளரும். மாத்திரையில் வைட்டமின் சி சேர்த்தோ, சோடியம் கார்பனேட்டால் அமிலத்தன்மையைக் குறைத்தோ வினையையே தடுக்கும் ஆய்வுகளும் நடக்கின்றன. எங்கள் வேலை இப்போது பெரும்பாலும் இதுதான், ஒரு ரத்த அழுத்த மாத்திரையை வைத்துக்கொண்டு. கார்பனேட் சேர்த்தால் நைட்ரோசமைன் குறைகிறது, மாத்திரை கரையும் நேரம் கெடுகிறது. மாத்திரையை உருவாக்கும் பிரிவும் நாங்களும் வாரம் தவறாமல் சண்டை.

நைட்ரைட் குறைவான லாக்டோஸ் கிடைத்தால் பாதிச் சண்டை தீரும். போன மாதம் ஒரு விநியோகஸ்தர் அனுப்பிய சான்றிதழில் 'நைட்ரைட்: கண்டறியப்படவில்லை' என்று இருந்தது. எந்த அளவு வரை தேடினீர்கள் என்று கேட்டு எழுதினேன். அதே சான்றிதழ் புதுத் தேதியோடும் இன்னும் பெரிய முத்திரையோடும் திரும்பி வந்தது. ஒரு கிலோ மாதிரி கேட்டு வாங்கியிருக்கிறோம்; நைட்ரைட் போன்ற அயனிகளைப் பிரித்து அளக்கும் அயனிக் குரோமட்டோகிராபிக் கருவி காலியானதும் நாங்களே அளக்கப் போகிறோம்.